இண்டென்ச்சர்: பல்லில் பிறந்த ஒரு சொல்

இந்தியத் தொழிலாளர்களின் முதல் கப்பல் வந்த நாளான நவம்பர் 16-ஆம் தேதிக்காகக் கோயில் மண்டபத்தில் பழைய படங்களை மாட்டப்போகிறார்கள். ஒவ்வொரு படத்துக்கும் கீழே தமிழில் இரண்டு வரி எழுதித் தரச் சொன்னார்கள். தமிழ்நாட்டிலிருந்து தென்னாப்பிரிக்காவின் டர்பனுக்கு வரலாறு படிக்க வந்த பிள்ளை, அவனுக்கு இது பெரிய வேலையா என்ற நம்பிக்கை. முதல் படம் ஒரு கப்பல். 'ஒப்பந்தத் தொழிலாளர்கள் வந்திறங்கினார்கள்' என்று எழுதி, டர்பனின் சாட்ஸ்வர்த் பகுதியில் நான் குடியிருக்கும் வீட்டு ஆயாவிடம் படித்துக் காட்டினேன். பாட்டியை இங்கே ஆயா என்றுதான் கூப்பிடுவார்கள். ஒப்பந்தம் என்ற சொல் அவருக்குப் பழக்கமில்லை. "கான்ட்ராக்ட் ஆயா" என்றேன்.

"கான்ட்ராக்ட்னா புடிக்கலைன்னா விட்டுட்டுப் போயிடலாமே தம்பி. எங்க தாத்தாவை அப்படி விடலையே."

எழுதியதை அடித்துவிட்டேன். இந்தப் பருவம் முழுக்க நான் படித்த புத்தகங்களில் பக்கத்துக்குப் பக்கம் வந்த ஆங்கிலச் சொல் 'இண்டென்ச்சர்', இந்தத் தொழிலாளர்களைக் கட்டிய பத்திரத்தின் பெயர். அது எங்கிருந்து வந்தது என்று ஒரு நாளும் தேடிப் பார்த்ததில்லை. ஆயா கேட்ட பிறகுதான் தேடினேன்.

லத்தீனில் 'டென்ஸ்' என்றால் பல். பல் மருத்துவரை டென்டிஸ்ட் என்பது அதிலிருந்து வந்ததுதான். நாம் யானைத் தந்தம் என்கிறோமே, அந்தத் 'தந்த'மும் வடமொழி வழியாக வந்த, இதே வேரைச் சேர்ந்த சொல். இடைக்கால ஐரோப்பாவில் இருவர் ஒரு ஏற்பாடு செய்துகொண்டால், ஒரே தோல் தாளில் அதே வாசகத்தை இரண்டு தடவை எழுதுவார்கள். பிறகு இரண்டுக்கும் நடுவே நேராக வெட்டாமல், வளைத்து வளைத்துப் பல் பல்லாக வெட்டுவார்கள். ஆளுக்கொரு துண்டு. பின்னால் வழக்கு வந்தால் இரண்டு துண்டுகளையும் சேர்த்து வைத்துப் பார்ப்பார்கள். பல்லோடு பல் பொருந்தினால் பத்திரம் மெய், பொருந்தாவிட்டால் பொய். பல்வெட்டு வெட்டிய அந்தப் பத்திரத்துக்குத்தான் இண்டென்ச்சர் என்று பெயர் வந்தது. தமிழ்நாட்டு அரசு அலுவலகங்களில் பொருள் கேட்டு 'இண்டென்ட் போடுகிறோமே', அந்த இண்டென்டும் இதன் உடன்பிறப்பு.

ஆக, சொல்லின் பிறப்பில் ஒரு நியாயம் இருந்தது. இரண்டு பேர், இரண்டு துண்டு, இருவருக்கும் சமமான சாட்சி. ஒருவர் ஏமாற்றினால் மற்றவர் கையிலிருக்கும் துண்டு காட்டிக்கொடுத்துவிடும்.

டர்பன் இருக்கும் நெட்டால் பகுதியில் அந்த நியாயம் காகிதத்தோடு நின்றுபோனது. 1860 அக்டோபரில் சென்னையிலிருந்து புறப்பட்ட 'ட்ரூரோ' கப்பல் 342 பேரோடு நவம்பர் 16-ஆம் தேதி டர்பனில் வந்து நின்றது. 1911 வரை இப்படி வந்தவர்கள் 1,52,184 பேர். பெரும்பாலோர் சென்னை மாகாணத்துக்காரர்கள். ஐந்து வருஷ இண்டென்ச்சர். சம்பளம் முதல் வருஷம் மாதம் 10 ஷில்லிங், வருஷத்துக்கு ஒரு ஷில்லிங் கூடி ஐந்தாம் வருஷம் 14. கணக்கெல்லாம் தாளில் தெளிவாகத்தான் இருந்தது. ஆனால் சாதாரண வேலைக்காரன் சொல்லாமல் வேலையை விட்டுப் போனால் அது சிவில் வழக்கு. இண்டென்ச்சரில் வந்தவன் போனால் கிரிமினல் குற்றம், சிறை. ஆயா தன் தாத்தாவைப் பற்றிச் சொன்னது இதைத்தான்.

1894-இல் டர்பனில் வக்கீல் தொழில் செய்துகொண்டிருந்த காந்தியிடம் பாலசுந்தரம் என்ற தமிழர் வந்தார். கிழிந்த துணி, கையில் கழற்றிய தலைப்பாகை, வாயிலிருந்து ரத்தம். எஜமான் அடித்ததில் முன்பற்கள் இரண்டு உடைந்திருந்தன. காந்தியின் குமாஸ்தா ஒரு தமிழர், அவர் மூலம்தான் நடந்தது காந்திக்கு விளங்கியது. முதலில் டாக்டரிடம் அனுப்பிக் காயத்துக்குச் சான்றிதழ் வாங்கினார். அதோடு பாலசுந்தரத்தை மாஜிஸ்திரேட்டிடம் கூட்டிப் போனார். அதற்குப் பிறகும் பாலசுந்தரம் நினைத்த இடத்துக்குப் போக முடியவில்லை. குடியேறிகளின் பாதுகாவலர் என்ற அதிகாரி அந்த இண்டென்ச்சரை ரத்து செய்ய வேண்டும், அல்லது வேறொருவர் பெயருக்கு மாற்ற வேண்டும். இல்லையென்றால் எஜமானே மனம் வைத்து விட வேண்டும். கடைசியில் வேறொரு வெள்ளைக்கார எஜமானைத் தேடிப் பிடித்து அவர் பெயருக்கு மாற்றினார்கள். நியாயம் கிடைத்தவருக்கும் ஆள் மாறியதே தவிரக் கட்டு அவிழவில்லை.

பல்லிலிருந்து பிறந்த சொல்லையும் இந்த மனிதரின் உடைந்த பற்களையும் ஒரே வாரத்தில் படித்தேன். அன்றைக்கு நூலகத்தில் அதற்கு மேல் ஒரு பக்கம்கூடப் புரட்ட முடியவில்லை.

சரி, தமிழில் என்ன சொல்வது?

'ஒப்பந்தம்' நல்ல சொல். 'ஒப்பு' அதில் இருக்கிறது. ஒப்புதல், ஒத்துக்கொள்ளுதல், ஒத்த நிலை எல்லாம் அந்த ஒரு வேருக்குள் அடக்கம். அதனால்தான் இங்கே அது சரிப்படவில்லை. கேட்டவுடன் ஒத்த நிலையில் இருந்த இருவர் உட்கார்ந்து பேசி முடித்த காரியம் போல் ஒலிக்கிறது. இந்தி பேசியவர்கள் 'அக்ரிமென்ட்' என்ற ஆங்கிலச் சொல்லைத் தங்கள் நாக்குக்கு ஏற்ப 'கிர்மிட்' ஆக்கி, வந்தவர்களைக் கிர்மிட்டியா என்றார்கள். அதுவும் பிறப்பில் ஒப்பந்தம்தான். ஆனால் உச்சரிப்பு சிதைந்ததில் இணக்கம் என்ற பொருள் உதிர்ந்து, பட்ட பாடு மட்டும் அந்தச் சொல்லில் தங்கிவிட்டது. தமிழுக்கு அப்படி ஒரு சொல் வாய்க்கவில்லை.

'கூலி' என்று எழுதலாமா? தமிழ்நாட்டுப் புத்தகங்களில் 'ஒப்பந்தக் கூலிகள்' என்று சாதாரணமாக எழுதுகிறார்கள். நானும் எழுதியிருக்கிறேன். தமிழில் கூலி என்றால் உழைப்புக்குக் கிடைக்கும் ஊதியம்; 'மெய்வருத்தக் கூலி தரும்' என்று வள்ளுவர் மதிப்போடு கையாண்ட சொல். தென்னாப்பிரிக்காவில் அது ஊதியத்தைக் குறிக்கவில்லை, மனிதரைக் குறித்தது, அதுவும் வசையாக. காந்தியையே 'கூலி பாரிஸ்டர்' என்றார்கள். இந்த ஊரில் எழுபது, எண்பது வயதுக்காரர்கள் முன்னால் அதைச் சொல்லிப் பாருங்கள், முகம் மாறிவிடும். தமிழ் அகராதியைக் காட்டிச் சமாதானம் சொல்வது அவர்கள் பட்ட வலிக்கு மரியாதை ஆகாது. இங்கே மாட்டும் படத்தில் அந்தச் சொல் வரக் கூடாது.

'கொத்தடிமை' கடனில் மூழ்கியவர்களைக் குறிக்கும் சொல், இது வேறு ஏற்பாடு. அதை விட்டுவிட்டேன்.

பெரியபுராணத்தில் 'ஆளோலை' என்று ஒரு சொல் உண்டு. சுந்தரரின் கல்யாணப் பந்தலில் ஒரு முதியவர் வந்து, நீ எனக்கு அடிமை, உன் பாட்டன் எழுதிக் கொடுத்த ஓலை இதோ என்று நீட்டுகிறார். சுந்தரர் பிடுங்கிக் கிழித்துப் போடுகிறார். நீ கிழித்தது படியோலை, மூல ஓலை திருவெண்ணெய்நல்லூரில் இருக்கிறது என்கிறார் முதியவர். மனிதனை எழுத்தால் கட்டுவது, இரண்டு பிரதி வைத்திருப்பது எல்லாம் நம்மவர்களுக்கும் தெரிந்திருந்த சங்கதிதான். ஆனால் ஆளோலை வழிவழியாகப் பிடிப்பது. இண்டென்ச்சர் ஐந்து வருஷம் என்ற கெடு வைத்தது. அந்தக் கெடுவுக்கு எவ்வளவு மதிப்பு என்பது வேறு விஷயம்: 1895-இல் வந்த சட்டப்படி, கெடு முடிந்து ஊர் திரும்பாமலும் மறுபடி கையெழுத்துப் போடாமலும் இங்கேயே இருந்தால் வருஷத்துக்கு 3 பவுன் வரி. ஒரு பவுனுக்கு 20 ஷில்லிங். மாதம் 14 ஷில்லிங் வாங்கியவருக்கு அது நாலு மாதச் சம்பளத்துக்கு மேல். 1913-இல் காந்தி தலைமையில் நடந்த போராட்டத்துக்குப் பிறகு, 1914-இல்தான் அந்த வரி போனது.

இத்தனையையும் பார்த்த பிறகு என் மனம் 'முறி' என்ற சொல்லில் நின்றது. முறித்தல் என்றால் ஒடித்தல். முறி என்றால் துண்டு, பாதி. குமரிப் பக்கம் தேங்காய்ப் பாதியைத் தேங்காமுறி என்பார்கள். முறி என்றால் பத்திரம் என்றும் பொருள் உண்டு. இலங்கையில் இன்றும் அரசுக் கடன் பத்திரங்களைத் திறைசேரி முறி என்றும் பிணைமுறி என்றும்தான் சொல்கிறார்கள். வெட்டிய பாதி, எழுதிய பத்திரம் என்ற இரண்டு பொருளும் ஒரே சொல்லில். பல்வெட்டு வெட்டி ஆளுக்குப் பாதி எடுத்துக்கொண்ட இண்டென்ச்சருக்கு இதைவிடப் பொருத்தமான தமிழ் எனக்குக் கிடைக்கவில்லை. அதோடு, கட்டப்படுவது நிலமோ பணமோ இல்லை, ஆள். ஆகவே இண்டென்ச்சர் 'ஆள்முறி'. அதில் வந்தவர்கள் 'ஆள்முறித் தொழிலாளர்'. இது நான் கட்டிய சொல். புதிதாகப் படிப்பவருக்கு முதல் தடவை மட்டும் பக்கத்தில் 'ஐந்தாண்டு ஒப்பந்தம்' என்று சேர்த்துக் கொடுத்தால் போதும்.

ஆயாவிடம் தாத்தாவின் கப்பல் பட்டியல் நகல் ஒன்று இருக்கிறது. நாலாக மடித்து, பிளாஸ்டிக் உறையில், பூஜை அலமாரியில் விபூதித் தட்டுக்கு அடியில் வைத்திருக்கிறார். எண், பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஊர், உயரம். கடைசிக் கட்டத்தில் அங்க அடையாளம்: இடது முழங்காலில் தழும்பு. அதை எடுத்து வந்து மேசையில் விரித்துவிட்டு, புது வாசகத்தைப் படிக்கச் சொன்னார்.

'1860 நவம்பர் 16. ட்ரூரோ கப்பலில் 342 பேர் ஆள்முறியில் வந்து இறங்கினார்கள்.'

"ஆள்முறி" என்று மெதுவாகச் சொல்லிப் பார்த்தார். "ஆளை முறிக்கிறதா?"

அந்தப் பொருளும் அதில் கேட்கும் என்று எனக்குத் தோன்றியிருக்கவில்லை. "பத்திரம் ஆயா. பாதியா வெட்டின பத்திரம்" என்றேன்.

"ரெண்டும்தான்" என்றார். அப்புறம் நகலில் தாத்தாவின் எண்ணுக்குப் பக்கத்தில் விரலை வைத்து, அவர் படத்துக்குக் கீழே நம்பர் வேண்டாம், பெயரையும் ஊரையும் மட்டும் எழுது என்றார்.