ஹாப்லோடைப்: மரபுச்சரம்

துருவ மான் மந்தைகள் எங்கிருந்து வந்தன, எந்த மந்தையிலிருந்து எது பிரிந்தது என்று ஆராயும் கட்டுரை எதை எடுத்தாலும் 'ஹாப்லோடைப்' என்ற சொல் வரிக்கு வரி வரும். பெற்றோர் ஒருவரிடமிருந்து சேர்ந்தே பிள்ளைக்கு வரும் டிஎன்ஏ தொகுப்பு என்று அதற்குப் பொருள். தமிழில் எழுதும்போது பலர் அதை அப்படியே விட்டுவிடுகிறார்கள். 'மரபணு வகை' என்று எழுதுகிறவர்களும் உண்டு. ஆனால் அது ஜீனோடைப், அதாவது பெற்றோர் இருவரிடமிருந்தும் வந்த மரபணுக்களின் சேர்க்கை, என்பதற்குப் புழங்கும் சொல். இரண்டையும் ஒன்றாக்கிவிட்டால் ஆய்வு எதைக் கண்டுபிடித்தது என்பதே புரியாமல் போய்விடும்.

மானின் பெயரையும் இங்கேயே சொல்லிவிடலாம். ரெயின்டீரைக் கலைமான் என்று எழுதும் வழக்கம் பரவியிருக்கிறது. தொல்காப்பியத்தின் 'மரபியல்' என்ற இயலில் 'கலை' என்பது ஆணுக்குரிய பெயர். புல்வாய், உழை என்ற மான் வகைகளுக்கு அதைச் சொல்கிறது. ரெயின்டீரிலோ பெண்ணுக்கும் கொம்பு உண்டு. மான் குடும்பத்தில் வேறெந்த இனத்திலும் இது வழக்கமில்லை. அதனால் துருவ மான் என்பதே எனக்குச் சரியாகப் படுகிறது.

இனி நம் சொல்லுக்கு வருவோம். கிரேக்கத்தில் 'ஹாப்லூஸ்' என்றால் ஒற்றை. 'டைபோஸ்' என்றால் அடித்துப் பதித்த அச்சு. ஒரே ஒரு குரோமோசோம் தொகுதி உள்ள நிலைக்கு 1905இல் தாவரவியலாளர் எடுவர்ட் ஸ்ட்ராஸ்பர்கர் 'ஹாப்லாய்டு' என்று பெயர் வைத்தார். நம் பாடநூல்கள் அதை ஒற்றைமயம் என்கின்றன. அந்த 'ஹாப்லோ'வோடு 'டைப்'பைச் சேர்த்து 1967இல் இத்தாலிய மரபியலாளர் ருஜேரோ செப்பெல்லினியும் உடன் ஆய்ந்தவர்களும் ஹாப்லோடைப் என்ற சொல்லை உருவாக்கினார்கள்.

அவர்கள் அப்போது பார்த்துக்கொண்டிருந்தது மனிதத் திசுப் பொருத்தத்தை. உறுப்பு மாற்றில் பொருத்தம் பார்க்கும் எச்எல்ஏ மரபணுக்கள் நம் 6ஆம் குரோமோசோமில் அருகருகே இருக்கின்றன. தாயிடமிருந்து ஒரு தொகுப்பு, தந்தையிடமிருந்து ஒரு தொகுப்பு என்று அவை பெரும்பாலும் சிதறாமல், சேர்ந்தே பிள்ளைக்கு வருகின்றன. அப்படி ஒரு பெற்றோரிடமிருந்து சேர்ந்து வரும் தொகுப்புதான் ஹாப்லோடைப். எலும்பு மஜ்ஜை தேவைப்படும் ஒருவருக்கு உடன்பிறந்தவர் முழுதாகப் பொருந்த நான்கில் ஒரு வாய்ப்பு என்று மருத்துவர்கள் சொல்வதும் இதை வைத்துத்தான். பெற்றோர் இருவரிடமும் இரண்டிரண்டு தொகுப்புகள். நான்கு விதமாகத்தான் அவை சேர முடியும்.

துருவ மான் ஆய்வில் இந்தச் சொல் பெரும்பாலும் செல்லுக்கு ஆற்றல் தரும் மைட்டோகாண்ட்ரியாவின் டிஎன்ஏவைக் குறிக்கிறது. செல்லின் கருவுக்கு வெளியே இருக்கும் இந்தச் சிறிய வளையம் தாயிடமிருந்து மட்டுமே குட்டிக்குப் போகும். தந்தையின் டிஎன்ஏவோடு கலக்காது. டிஎன்ஏவில் எழுத்துகள்போல வரிசையாக நிற்கும் அலகுகளில் எப்போதாவது ஓர் எழுத்து மாறும். அந்த மாற்றம் மகள், பேத்தி என்று தொடரும். ஒரே எழுத்து வரிசை உள்ள மான்களுக்கு ஒரே ஹாப்லோடைப். ஒரே மூல வரிசையிலிருந்து கிளைத்த ஹாப்லோடைப்களின் கூட்டம் ஹாப்லோகுரூப். இந்த இரண்டையும் மாற்றி மாற்றி எழுதுவது தவறு.

தாய்வழியாகக் கணக்கு வைப்பது துருவ மான் மேய்ப்பவர்களுக்குப் புதிதில்லை. நார்வே, ஸ்வீடன், பின்லாந்தின் வடக்கில் வாழும் சாமி இன மேய்ப்பர்கள் கோடையில் மந்தையைப் பட்டியில் அடைத்துக் குட்டிகளுக்கு அடையாளம் இடுவார்கள். கூட்டம் சுற்றிச் சுற்றி ஓடும்போது எந்தக் குட்டி எந்தத் தாயின் பின்னால் போகிறது என்று கவனித்து, அந்தத் தாயின் காதில் யாருடைய வெட்டுக்குறி இருக்கிறதோ அவருடைய குறியைக் குட்டியின் காதிலும் கத்தியால் வெட்டுவார்கள். தகப்பன் எந்தக் கிடா என்ற கேள்வியே அங்கே எழாது.

சரி, இந்த ஆய்வு என்னதான் காட்டியது? நார்வேயின் க்னுட் ரோயத் குழு 2008இல் வெளியிட்ட ஆய்வு, யூரேசியாவில் துருவ மான் ஒரே இடத்தில் பழக்கப்பட்டு எங்கும் பரவியது என்ற எண்ணத்தை ஆட்டம்காண வைத்தது. ஸ்காண்டிநேவிய வடக்கின் மந்தைகளும் ரஷ்ய மந்தைகளும் தனித்தனி மூலங்களிலிருந்து வந்தவை என்று தெரிந்தது. அப்புறம் 2012இல், நார்வேயின் வடகோடியான பின்மார்க்கில் அகழ்ந்தெடுத்த பழைய மான் எலும்புகளின் டிஎன்ஏ வெளியானது. இன்றைய மந்தைகளில் மிகுந்திருக்கும் ஹாப்லோடைப்கள் அந்தப் பழைய எலும்புகளில் ஏறக்குறைய இல்லை. வேட்டையிலிருந்து பெருமந்தை மேய்ப்புக்கு மக்கள் மாறிய 16, 17ஆம் நூற்றாண்டுகளையொட்டி அவை வருகின்றன. உள்ளூர்க் காட்டு மான்களையே பிடித்துப் பழக்கி மந்தை பெருகியது என்றால் இப்படி இருக்காது. வெளியிலிருந்து வந்த பெண் மான்களின் வழி பெருகியிருக்கிறது என்பதே பொருந்தும் விளக்கம். எழுதிவைத்த ஆவணம் குறைவாக உள்ள ஒரு மக்களின் வரலாற்றை எலும்பு சொல்வதால், இந்த முடிவை நான் பெரிதாக மதிக்கிறேன்.

ஆனால் ஒரு ஹாப்லோடைப்பைக் கொண்டு மந்தையின் முழு வம்சத்தையும் சொல்லிவிட முடியாது. சைபீரிய மேய்ப்பர்களிடையே பெண் மான்களைக் காட்டுக் கிடாக்களோடு சேரவிடும் வழக்கம் இருந்திருக்கிறது. அந்தக் கிடாவின் பங்கு மைட்டோகாண்ட்ரியாவில் துளியும் பதியாது. அதைப் பார்க்கச் செல்லின் கருவுக்குள் இருக்கும் டிஎன்ஏ வேண்டும். ஆண்வழி மட்டும் வேண்டுமென்றால் ஒய் குரோமோசோம். அதிலும் ஹாப்லோடைப் உண்டு. ஆகவே ஹாப்லோடைப் என்றாலே தாய்வழி என்று பொருள்கொள்ளக் கூடாது.

இதனால்தான் 'தாய்வழி வகை' என்ற தமிழாக்கத்தை ஏற்க முடியவில்லை. 'ஒற்றைமய வகை' என்பது சொல்லுக்குச் சொல் சரி. ஆனால் சேர்ந்தே கைமாறும் தொகுப்பு என்ற உயிரான பகுதி அதில் விழவில்லை. 'மரபுத்தொடர்' நன்றாக இருந்திருக்கும்; அதை இலக்கணம் ஏற்கெனவே எடுத்துக்கொண்டுவிட்டது. என் தேர்வு 'மரபுச்சரம்'. சரத்தில் பூக்கள் கோத்த வரிசையிலேயே கைமாறுவதுபோல இதில் டிஎன்ஏ எழுத்துகள் கைமாறுகின்றன. தேவைக்கேற்பத் தாய்வழி மரபுச்சரம், தந்தைவழி மரபுச்சரம் என்று முன்னொட்டுச் சேர்த்துக்கொள்ளலாம். ஹாப்லோகுரூப்புக்கு 'மரபுச்சரக் குழு' போதும். முதன்முறை எழுதும்போது மட்டும் பக்கத்தில் ஹாப்லோடைப் என்றும் குறித்துவிட்டால், பாடநூல் வழியாக வருகிறவருக்கும் குழப்பம் இருக்காது.