ஒற்றைச் சிறுநீரகமும் ஒரு துண்டு பப்பாளியும்

போன மாதம் பவானிப் பக்கத்திலிருந்து ஒரு பெண் ஐந்தாம் மாத ஸ்கேனுக்கு வந்திருந்தார். கணவரும் மாமியாரும் கூட. குழந்தையின் இடது பக்கம், சிறுநீரகம் இருக்க வேண்டிய இடம் காலியாக இருந்தது. சிறுநீரகத்தின் தலையில் தொப்பி மாதிரி உட்கார்ந்திருக்க வேண்டிய அட்ரினல் சுரப்பி நீட்டிப் படுத்துக் கிடந்தது. ரத்த ஓட்டத்தைக் காட்டும் கலர் டாப்ளரில் வலது பக்கம் மட்டும்தான் ரத்தக் குழாய் பிரிந்து போனது. சில குழந்தைகளுக்குச் சிறுநீரகம் இடம் மாறி இடுப்புக்குள் இருக்கும். அங்கேயும் தேடினேன், இல்லை.

சொன்னதுதான் தாமதம். "நாலாம் மாசத்துல பப்பாளி தின்னு போட்டாளுங்க. வேண்டாங் கண்ணுன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னனுங்க" என்றார் மாமியார். அந்தப் பெண் தலையைத் தூக்கவே இல்லை.

நாலாம் மாதத்துக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. கரு உருவாகி ஐந்தாவது வாரத்தில் நடக்கிற வேலை இது. ஒரு குழாயிலிருந்து சின்ன மொட்டு ஒன்று கிளம்பும். எதிரே ஒரு செல் கூட்டம் ஜிடிஎன்எஃப் என்ற வளர்ச்சிக் காரணியைச் சுரக்கும். அதைப் பிடித்துக்கொள்ள மொட்டின் செல்கள் மேல் 'ரெட்' என்ற ஏற்பி, அதாவது ரிசெப்டர், இருக்கிறது. பிடித்தால்தான் மொட்டு அந்தப் பக்கம் வளர்ந்து கிளை கிளையாகப் பிரியும். கிளை நுனிகள் பதிலுக்குக் கொடுக்கும் சேதியில்தான் எதிரே ரத்தத்தை வடிகட்டும் நெஃப்ரான்கள் உருவாகும். தறிக்காரக் குடும்பம் என்பதால் இப்படிச் சொன்னேன்: பாவு மட்டும் இருந்து ஊடை வராவிட்டால் துணி ஏதுங்க? ரெட் இல்லாத எலிகளை 1994-லும், ஜிடிஎன்எஃப் இல்லாதவற்றை 1996-லும் ஆராய்ந்தார்கள். பெரும்பாலானவற்றுக்குச் சிறுநீரகமே உருவாகவில்லை.

மனிதரில் இவ்விரண்டையும் உருவாக்கும் மரபணுக்கள் மட்டும்தான் காரணம் என்று சொல்லிவிட முடியாது. ஏறக்குறைய ஆயிரம் குழந்தைகளில் ஒன்று ஒற்றைச் சிறுநீரகத்தோடு பிறக்கிறது. இருக்கும் ஒன்று நன்றாக இருந்தால் அது கொஞ்சம் பெரிதாகி வேலையைப் பார்த்துக்கொள்ளும். பிறந்ததும் ஒரு ஸ்கேன், அப்புறம் வருஷா வருஷம் பிபியும் சிறுநீரும் பார்த்தால் போதும்.

பப்பாளியை விடுங்கள், நான் பயப்படுவது மாத்திரைக்கு. நெஃப்ரான் உருவாவது ஏறக்குறைய 36-ஆம் வாரத்தோடு நின்றுவிடும், பிறகு புதிதாக ஒன்றுகூட வராது. இடுப்பு வலி என்று மெடிக்கலில் கேட்டு வாங்கும் டைக்ளோஃபெனாக், ஐபுபுரூஃபன் வகையறா, 20 வாரத்துக்கு மேல் குழந்தையின் சிறுநீரகத்தைப் பாதித்துப் பனிக்குட நீரைக் குறைத்துவிடலாம். பிபிக்கு டெல்மிசார்டன், எனலாபிரில் சாப்பிடுகிறவர்கள் குழந்தைக்குத் திட்டமிடும்போதே டாக்டரிடம் சொல்லி மாற்றிக்கொள்ள வேண்டும். நீங்களாக நிறுத்தாதீர்கள். டாக்டர் எழுதிக் கொடுத்த குறைந்த டோஸ் ஆஸ்பிரினையும்தான்.

இது குடும்பத்திலும் வரும் என்பதால் அம்மா அப்பா இருவருக்கும் பார்த்துவிடலாம் என்றேன். அந்தப் பெண்ணுக்கு இரண்டும் சரியாக இருந்தன. அடுத்து கணவர் படுத்தார். முப்பது வயது, ஒரு நாள் ஆஸ்பத்திரியில் படுத்ததில்லையாம். அவருக்கும் இடது பக்கம் காலி.

மாமியார் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இவன் வயித்துல இருக்கறப்ப நானு பப்பாளியத் தொடக்கூட இல்லீங்களே!"