போகத்துக்கு ஒருக்கால் வரும் காசும் கிழமைக்குக் கிழமை போகும் காசும்

சிக்கனம் பற்றி இணையத்தில் வரும் குறிப்புகளில் பாதி எங்கள் பக்கத்துக்குச் சரிவராது. "சம்பளம் வந்த அன்றே பத்து வீதத்தை எடுத்து ஒதுக்கி வையுங்கள்" என்று தொடங்குவார்கள். சரி, எந்தச் சம்பளம்? இலங்கையின் வடக்கே கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கம் அரச உத்தியோகக்காரரையும் கடைகண்ணியில் நிற்பவர்களையும் விட்டால், மாதம் பிறந்ததும் காசு பார்ப்பவர்கள் எத்தனை பேர்? மாரி மழையோடு விதைக்கும் காலபோக நெல் மாசி, பங்குனியில் வரும். கோடையில் செய்யும் சிறுபோகம் குளத்தில் தண்ணீர் நின்றால்தான், அதுவும் இரணைமடுக் குளத்துக்குக் கீழே என்றால் பங்குக்குக் கிடைத்த துண்டுக்கு மட்டும். நந்திக்கடல், நாயாறு களப்புகளில் இறால் படும் நாட்களில் கை நிறையக் காசு புழங்கும், படாத நாட்களில் வலையைப் பொத்திக்கொண்டு இருக்க வேண்டியதுதான். கூலி வேலையும் அந்தந்தப் பருவத்தோடு சேர்ந்தது.

ஆனால் செலவு பருவம் பார்ப்பதில்லை, அது அன்றாடம் வரும். கடன் தவணையோ கிழமைக்குக் கிழமை. நான் கூட்டுறவுத் துறையில் சிக்கன கடனுதவு சங்கங்களோடு வேலை செய்பவன். வீடு வீடாகப் போய்க் கணக்குப் பார்க்கும்போது கண்ணில் படுவது பெரும்பாலும் இந்தப் பொருத்தமின்மைதான், வீண்செலவு அதற்குப் பிறகுதான். காசு வரும் நாளும் போகும் நாளும் ஒன்றோடொன்று ஒத்துவராத இடைவெளியில்தான் வட்டி வந்து உட்கார்ந்துகொள்கிறது. தேயிலைச் சாயத்தை இரண்டு தரம் வடித்து மிச்சம் பிடிக்கும் காசு அந்த வட்டிக்கு ஒரு நாளும் ஈடாகாது.

2022 ஏப்ரலில் நாடு வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று கைவிரித்ததும், அந்த ஆண்டு செப்டெம்பரில் பணவீக்கம் ஏறக்குறைய 70 வீதத்துக்குப் போனதும் எல்லோருக்கும் நினைவிருக்கும். பிறகு பணவீக்கம் குறைந்துவிட்டது என்று செய்தியில் சொல்லும்போது எங்கள் சனம் சிரிக்கிறது, "எங்கே குறைந்தது?" என்று. குறைந்தது விலை ஏறும் வேகம் மட்டும்தான். ஏறின விலை ஏறின இடத்திலேயே நிற்கிறது. ஆகவே கொஞ்ச நாள் வாயைக் கட்டினால் பழைய விலை திரும்பி வரும் என்று காத்திருக்காமல், இந்த விலையிலேயே குடும்பத்தை ஓட்டும் வழியைத்தான் பார்க்க வேண்டும்.

முதலில் நெல். வயல் வைத்திருக்கும் குடும்பம் கடையில் அரிசி வாங்குவதைப் போல ஒரு வயிற்றெரிச்சல் எனக்கு வேறு இல்லை. வெட்டு மெசின் வயலில் இறங்கும் அன்றே லொறியும் வரம்போரத்தில் வந்து நிற்கும். ஈரம் காயாத நெல், ஈரத்துக்கென்று கழிவு வேறு, விலை லொறிக்காரர் சொன்னது. எல்லாவற்றையும் ஏற்றி விட்டுவிட்டு, ஆவணி, புரட்டாதியில் அதே குடும்பம் ஐந்து கிலோ, பத்துக் கிலோவாக அரிசி வாங்கித் தின்னும். கணக்கைப் பாருங்கள். இலங்கையில் ஒருவர் ஆண்டுக்குச் சாப்பிடும் அரிசி 100 கிலோவுக்குச் சற்று மேல். ஐந்து பேர் உள்ள வீட்டுக்கு 550 கிலோ என்று வைப்போம். நூறு கிலோ நெல்லைக் குத்தினால் ஏறக்குறைய 65 கிலோ அரிசி தேறும், ஆகவே 850 கிலோ நெல் வீட்டில் இருந்தால் அடுத்த காலபோகம் வரை அரிசிக் கடைக்கு வேலையில்லை. 2025 பெப்ரவரியில் அரசாங்கம் 'நாடு' என்ற ரக நெல்லுக்கு அறிவித்த விலை கிலோ 120 ரூபா. அந்த நல்ல விலைக்கே விற்றாலும், ஒரு கிலோ அரிசிக்குரிய நெல்லின் பெறுமதி 185 ரூபா அளவில்தான் வரும். அதற்குச் சற்று முன், 2024 டிசம்பரில் அதே 'நாடு' அரிசிக்கு வைத்த கட்டுப்பாட்டு விலை 230 ரூபா. வித்தியாசம் கிலோவுக்கு 45. மில் கூலியைக் கழித்தாலும் 550 கிலோவுக்கு இருபதாயிரம் ரூபாவை ஒட்டி வருகிறது, லொறிக்காரர் அரச விலைக்குக் கீழே எடுத்திருந்தால் அதற்கும் மேல். மில்லில் திரும்பிவரும் தவிடும் குறுணியும் கோழிக்கு, மாட்டுக்கு.

இது தெரியாமலா விற்கிறார்கள்? இல்லை. வெட்டு மெசின் கூலி, உழவுக் காசு, கடையில் கடனாக எடுத்த உரம், மருந்து, நகை மீட்கும் நாள் எல்லாம் ஒரே கிழமையில் வாசலுக்கு வந்துவிடும். உரம் கடன் கொடுத்தவரே நெல்லும் வாங்குபவராக இருந்தால் வாய் திறக்கவே முடியாது. ஆகவே நான் சொல்வது ஒன்றுதான்: கடன்காரருக்கு எத்தனை மூட்டை என்று கணக்குப் பார்க்கத் தொடங்கும் முன்பே, வீட்டுக்குச் சாப்பாட்டு நெல்லையும் விதைநெல்லையும் எடுத்து ஒரு பக்கம் போட்டுவிடுங்கள். முழு ஆண்டுக்கும் முடியாவிட்டால் ஆறு மாதத்துக்காவது. பல்லில் கடித்தால் 'டக்' என்று முறியும் வரை, ஈரப்பதன் 13, 14 வீதத்துக்கு இறங்கும் வரை தறப்பாளில் காயப்போட்டு, நிலத்தில் படாமல் பலகை போட்டு அடுக்குங்கள். சுவரோடு ஒட்டி அடுக்கினால் சுவரின் ஈரம் ஏறும், எலியும் மறைந்திருக்கும், ஒரு கை அகலம் இடைவெளி விடுங்கள்.

அடுத்தது கடன். தருமபுரம் பக்கம் ஒரு வீட்டில், வரவு செலவு எழுதலாம் என்று உட்கார்ந்தபோது அந்த அக்கா உள்ளே போய் சொப்பின் பையில் சுற்றிய மூன்று கடன் தவணை அட்டைகளைக் கொண்டுவந்து பாயில் வைத்தார். ஒன்று திங்கள், ஒன்று புதன், ஒன்று வெள்ளி. மூன்றையும் கூட்டினால் கிழமைக்கு 3,850 ரூபா, மாதக் கணக்கில் 16,000க்கு மேல். எதற்கு எடுத்தீர்கள் என்று கேட்டேன். "முதலாவது கிணறு கட்ட. இரண்டாவது முதலாவதைக் கட்ட. மூன்றாவதும் அதுக்குத்தான் தம்பி" என்றார். அந்த வீட்டில் மின்சாரம் மிச்சம் பிடிப்பது எப்படி, கறிக்கு எண்ணெய் குறைப்பது எப்படி என்று நான் பேசியிருந்தால் அது அவரைக் கேலி செய்வதாக இருந்திருக்கும்.

இப்படிக் குழுவாகச் சேர்த்துக் கொடுத்துக் கிழமைக்குக் கிழமை வாங்கும் நுண்கடனில் பலருக்கும் விளங்காத இடம் வட்டி. 50,000 ரூபா தந்து கிழமைக்கு 1,250 வீதம் 52 கிழமை கட்டச் சொல்கிறார்கள் என்று வைப்போம். மொத்தம் 65,000. பதினைந்தாயிரம் வட்டி, அப்படியென்றால் 30 வீதம்தானே என்று நினைப்போம். ஆனால் முதல் கிழமையிலிருந்தே முதலையும் திருப்பிக் கொடுத்துக்கொண்டு வருகிறோம், ஆறு மாதம் முடியும்போது பாதிக் காசு அவர்களிடம் போய்விட்டது. ஆண்டு முழுக்கச் சராசரியாக நம் கையில் இருந்தது 25,000 சொச்சம்தான், அதற்குத்தான் 15,000 வட்டி. நூற்றுக்கு ஐம்பதைத் தாண்டிவிடுகிறது. பதிவுபெற்ற நுண்நிதி நிறுவனங்களுக்கு ஆண்டுக்கு 35 வீதம் என்று மத்திய வங்கி 2018இல் உச்சவரம்பு வைத்ததே வடக்கிலும் கிழக்கிலும் பெண்கள் பட்ட பாட்டுக்குப் பிறகுதான். பதிவில்லாமல் மோட்டார் சைக்கிளில் வந்து கொடுத்துவிட்டுப் போகிறவருக்கு அந்த வரம்பு ஒரு பொருட்டில்லை.

ஆகவே யார் கடன் தர வந்தாலும் "கிழமைக்கு எவ்வளவு?" என்று கேட்காதீர்கள். "கடைசியில் மொத்தம் எவ்வளவு கட்டி முடிப்பேன்? பதிவுக் காசு, காப்புறுதிக் காசு என்று முதலிலேயே எவ்வளவு பிடிப்பீர்கள்?" என்று கேளுங்கள். ஏற்கெனவே இரண்டு மூன்று இருந்தால், அறுவடைக் காசில் ஒவ்வொன்றுக்கும் கொஞ்சம் கொஞ்சமாகப் போடாமல் முடியும் தறுவாயில் உள்ள ஒன்றை ஒரேயடியாக முடித்து அட்டையைக் கிழித்து எறியுங்கள், அந்தக் கிழமைத் தொகை உங்கள் கைக்குத் திரும்பும். விதைப்புக்குக் காசு வேண்டுமென்றால், வீட்டில் ஒரு சங்கிலி இருந்தால், வங்கியில் அடகு வைப்பது குழுக் கடனைவிட எத்தனையோ மேல். வட்டி குறைவு, கிழமைத் தவணையும் இல்லை. மீட்கும் திகதி அறுவடைக்குப் பிறகு விழும்படி வையுங்கள், வங்கியிலிருந்து கடிதம் வந்தால் பிரிக்காமல் கூரையில் செருகாதீர்கள், அது ஏல அறிவித்தலாக இருக்கும். உங்கள் ஊர்ச் சிக்கனச் சங்கத்திலும் போகத்துக்கு ஒருமுறை கட்டும் கடன் உண்டா என்று கேட்டுப் பாருங்கள். என் துறை என்பதால் சொல்கிறேன் என்று நினைத்தாலும் பரவாயில்லை.

மின்சாரம். 2022 ஓகஸ்டில் சராசரியாக 75 வீதம், 2023 பெப்ரவரியில் இன்னும் 66 வீதம் என்று கூட்டினார்கள், பிறகு குறைத்தும் கூட்டியும் வருகிறார்கள். கட்டணம் எப்படி மாறினாலும் வீட்டுப் பாவனைக்கு மாதம் 60 அலகு என்ற கோடு முக்கியம். அதைத் தாண்டினால் தாண்டிய ஓர் அலகுக்கு மட்டும் கூடுதலாகக் கட்டினால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை, முதல் 60 அலகுமே வேறு வீதத்துக்கு மாறிவிடும், நிலையான கட்டணமும் ஏறும். ஒரு சின்னக் குளிர்சாதனப் பெட்டி மாதம் 35 அலகு எடுக்கும். 70 வோற் மின்விசிறி இரவில் பத்து மணித்தியாலம் ஓடினால் 21. ஒன்பது வோற் எல்ஈடி பல்ப் நான்கும் நாளுக்கு ஐந்து மணித்தியாலம் எரிந்தால் ஐந்தரை. கூட்டுங்கள், 61 தாண்டிவிட்டது, தண்ணீர் மோட்டரை இன்னும் கணக்கில் எடுக்கவில்லை. கோட்டுக்கு மிக அருகில் இருக்கும் வீடுகள்தான் எங்கள் பக்கம் அதிகம், அதனால்தான் இவ்வளவு சொல்கிறேன். ஞாயிற்றுக்கிழமை மீற்றரைப் பார்த்து கலண்டரில் எழுதிவிடுங்கள். மூன்றாம் கிழமை முடிவில் பாவித்த அலகு 42ஐத் தாண்டியிருந்தால் கடைசிக் கிழமை துணி அழுத்துவதையும் மின் கேத்தலையும் நிறுத்திப் பாருங்கள். மாதம் 120, 150 போகும் வீட்டுக்கு இந்த விளையாட்டு இல்லை, அவர்கள் பழைய குளிர்சாதனப் பெட்டியின் கதவு றப்பரை முதலில் பார்க்கட்டும்.

பாலில் நடப்பது இன்னொரு வேடிக்கை. காலையில் சொந்த மாட்டின் பாலைச் சேகரிப்பு நிலையத்தில் முழுதாக ஊற்றிவிட்டு, பின்னேரம் கடையில் பால்மாப் பக்கெற். 400 கிராம் பக்கெற்றில் மூன்று லீற்றர் பால் கரைக்கலாம். அந்த மூன்று லீற்றருக்கு நிலையத்தில் உங்களுக்குக் கிடைத்த காசையும் பக்கெற் விலையையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். பிள்ளைக்கு ஒரு போத்தலை வீட்டில் வைத்துவிட்டு மிச்சத்தை ஊற்றினால் என்ன? சூடை, சாளை மலிவாகப் படும் நாட்களில் முல்லைத்தீவில் வாங்கி உப்பிட்டுக் காயவைத்த கருவாடு, வளவில் ஒரு முருங்கை, வேலியோரம் மரவள்ளி, நாலு கோழி. இவற்றை நான் சொல்லித்தான் தெரிய வேண்டும் என்றில்லை. இரண்டு ஆண்டு முன்னர் நட்டவர்கள் இப்போது காய் பறிக்கிறார்கள்.

கடைக் கொப்பியில் எழுதி வாங்குவதானால் விலையையும் அப்போதே எழுதச் சொல்லுங்கள். மாத முடிவில் போட்டால் விலை வேறாக இருக்கும். சாஷே பக்கெற் வாங்குவதை நிறுத்துங்கள். கிளிநொச்சிக்குப் போவதென்றால் வங்கி, கிளினிக், உரக்கடை எல்லாவற்றையும் ஒரே நாளில் முடியுங்கள், பரந்தன் வீதியில் ஒரு தரம் போய்வரும் பெற்றோல் காசு தெரியும்தானே.

குறைக்கக் கூடாததையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் நெருக்கடி வந்ததும் சில வீடுகளில் முதலில் கைவைப்பது அங்கேதான். பிள்ளையின் முட்டை. அம்மாவின் பிரஷர் குளிசை, அரச கிளினிக்கில் இலவசம், பஸ் காசைப் பார்த்துப் போகாமல் விடுகிறார்கள். வவுனியா பக்கம் சிறுநீரக நோய் உள்ள ஊர்களில் வடிகட்டிய குடிதண்ணீர்க் காசு. இதில் மிச்சம் பிடித்தால் பிறகு வவுனியாவுக்கும் யாழ்ப்பாணத்துக்கும் ஆஸ்பத்திரிக்கு அலையும் வான் கூலியில் போய்விடும், நாட்கூலியும் போகும்.

கடைசியாக, சாமத்திய வீடு. இதைத் தொட்டால் ஏச்சு விழும் என்று தெரியும். பிள்ளை பெரியவளானதைக் கொண்டாட வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் மண்டபம், மேடைச் சோடனை, வீடியோ, ட்ரோன், மூன்று சேலை மாற்றம், அல்பம் என்று ஒரே நாளில் ஐந்தாறு இலட்சம் போவதும், அதற்குக் கனடாவில் உள்ள சித்தப்பா பாதி அனுப்ப மீதிக்கு இங்கே கடன் எடுப்பதும் சாதாரணமாகிவிட்டது. சபையில் வரும் அன்பளிப்புக் காசை நம்பிச் செய்கிறார்கள், அது திருப்பிக் கொடுக்க வேண்டிய காசு என்பதையும் மறந்துவிடுகிறார்கள். புதுக்குடியிருப்புப் பக்கம் ஒரு குடும்பம் வீட்டு முற்றத்தில் பந்தல் போட்டு, தங்கள் நெல்லையே குத்திச் சமைத்து, மச்சான்மார் பரிமாற, ஒரு படப்பிடிப்பாளரை அரை நாளுக்கு மட்டும் பிடித்துச் செய்தது. சித்தப்பா அனுப்பிய காசைப் பிள்ளையின் பெயரில் நிலையான வைப்பில் போட்டார்கள். சித்தப்பாவுக்கு முதலில் கொஞ்சம் மனவருத்தம், வீடியோவை அங்கே எல்லோருக்கும் காட்ட முடியவில்லையாம். மண்டபத்துக்கு முற்பணம் கட்டும் முன், இந்தப் பேச்சை வெளிநாட்டில் உள்ளவரோடு ஒரு தரம் தொலைபேசியில் பேசிவிடுங்கள். காசு அனுப்புகிறவர் பலருக்கு மீதிப் பாதி இங்கே கடன் என்பதே தெரியாது.