ஆப்பிரிக்கா போகிறவர்களுக்கு மஞ்சள் அட்டை எதற்கு?

கென்யா, நைஜீரியா, கானா என்று வேலைக்குக் கிளம்புகிறவர்களிடம் டிராவல் ஏஜென்ட் கேட்பார்: "யெல்லோ கார்டு போட்டாச்சா?" கொசு பரப்பும் மஞ்சள் காய்ச்சலுக்குத் தடுப்பூசி போட்டதற்கான சான்றிதழ் அது. விசாவோடு ஒட்டிய இன்னொரு காகிதம் என்று நினைத்துப் பலர் கடைசி வாரத்தில்தான் ஊசிக்கு ஓடுகிறார்கள். அது போதாது. ஊசி போட்ட 10 நாள் கழித்துத்தான் சான்றிதழ் செல்லுபடியாகும்.

இந்த அட்டைக்கு அடிப்படை, உலக சுகாதார அமைப்பின் உறுப்பு நாடுகள் 2005இல் ஏற்ற பன்னாட்டு சுகாதார விதிமுறைகள். 2007 ஜூன் 15 முதல் நடைமுறையில் உள்ளன. நோய் எல்லை தாண்டிப் பரவக் கூடாது. அதைச் சாக்காக வைத்துப் பயணத்தையும் வணிகத்தையும் தேவைக்கு மேல் முடக்கவும் கூடாது என்பதே நோக்கம். அதனால்தான் நினைத்த ஊசிக்கெல்லாம் நிரந்தரமாகச் சான்று கேட்க முடியாது. நாட்டுக்குள் நுழையத் தடுப்பூசிச் சான்று கேட்கலாம் என்று விதிகளே பெயர் சொல்லும் நோய் மஞ்சள் காய்ச்சல் ஒன்றுதான்.

இந்தியா இதில் ரொம்பவே கறார். காரணம் இருக்கிறது. இங்கே மஞ்சள் காய்ச்சல் இல்லை. ஆனால் அதைப் பரப்பும் ஏடிஸ் கொசு, டெங்குவைப் பரப்பும் அதே கொசு, நம் தெருவெல்லாம் இருக்கிறது. கிருமியோடு ஒருவர் வந்து இறங்கினால் போதும். எனவே நோய் அபாயமுள்ள ஆப்பிரிக்க, தென் அமெரிக்க நாடுகளிலிருந்து கிளம்பி 6 நாளுக்குள் சான்றில்லாமல் வந்தால், அந்த 6 நாள் முடியும்வரை தனிமைப்படுத்துவார்கள். இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருந்தாலும் இதே கதைதான். வழியில் அங்கே விமானம் மாறினாலும் பொருந்தும். விமான நிலையத்தை விட்டு வெளியே போகாதவர்களுக்கு மட்டும் சுகாதார அதிகாரி விலக்கு தரலாம்.

அரசு அங்கீகரித்த மையத்தில் போட்ட ஊசிதான் செல்லும். சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டிலும் துறைமுக சுகாதார அலுவலகத்திலும் போடுகிறார்கள். ஊசி போடும் நாட்களை முன்பே விசாரித்துக்கொண்டு, அசல் பாஸ்போர்ட்டுடன் போங்கள். அட்டையில் மைய முத்திரையும் மருத்துவர் கையெழுத்தும் இருக்கிறதா என்று அங்கேயே பார்த்துவிடுங்கள்.

பழைய அட்டையில் '10 ஆண்டு' என்று இருந்தால் மறுபடி ஊசி போட வேண்டியதில்லை. 2016 ஜூலை 11 முதல் பழைய அட்டைகளும் ஆயுளுக்கும் செல்லும்.

உயிருள்ள கிருமியை வலுவிழக்கச் செய்து தயாரித்த ஊசி இது. நோய் எதிர்ப்புச் சக்தி மிகக் குறைந்தவர்களுக்கும், முட்டையால் கடும் ஒவ்வாமை வருகிறவர்களுக்கும் பொதுவாகப் போடுவதில்லை. அவர்கள் மருத்துவரிடம் விலக்குக் கடிதம் வாங்கிச் செல்லலாம். ஆனால் கடிதம் இருந்தாலும் திரும்பி வரும்போது தனிமைப்படுத்த வாய்ப்புண்டு. விடுப்பைக் கணக்கிடும்போது அந்த நாட்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.