கேள்வித்தாள்தான் நிஜமான பாடத்திட்டம்

என்னிடம் பத்தாம் வகுப்பில் கணக்குப் படித்த பையன் ஒருவன், ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் பிரிவில் சேர்ந்த இரண்டாவது மாதம் என்னைத் தேடிக்கொண்டு பள்ளிக்கு வந்தான். பட்டறையில் அரை இன்ச்சுக்கு அடுத்த சின்ன டிரில் பிட்டை எடுத்து வரச் சொல்லியிருக்கிறார்கள். பெட்டியில் 3/8 என்று எழுதிய பிட் கையில் கிடைத்திருக்கிறது. அது அரை இன்ச்சைவிடப் பெரியதா சின்னதா என்று தெரியாமல் நின்றிருக்கிறான். "மூணு, எட்டு ரெண்டுமே ஒண்ணு, ரெண்டைவிடப் பெருசுதானே சார்?" என்று கேட்டான்.

பொதுத்தேர்வில் அவன் கணக்கில் வாங்கியது 47. திருப்புதல் தேர்வுகளில் வடிவியல் வரைதலில் எட்டுக்கு எட்டு, வரைபடத்தில் எட்டுக்கு எட்டு வாங்கிக்கொண்டிருந்தவன். வட்டத்துக்கு வெளியே ஒரு புள்ளியிலிருந்து இரண்டு தொடுகோடுகளைப் பிசகாமல் வரைவான். பின்னத்தில் எது பெரியது என்று மட்டும் தெரியாது.

இது எப்படி நடக்கிறது என்பது பெற்றோருக்குத் தெரிய வேண்டும். பத்தாம் வகுப்புக் கணக்குத் தாளில் ஒரு மதிப்பெண் கேள்விகள் 14, இரண்டு மதிப்பெண்ணுக்கு 10, ஐந்து மதிப்பெண்ணுக்கு 10, எட்டு மதிப்பெண்ணுக்கு 2. அந்த எட்டு மதிப்பெண் கேள்விகளில் ஒன்று வடிவியல், மற்றொன்று வரைபடம். இரண்டும் படிப்படியான செய்முறை. கை பழகினால் போதும், 16 வந்துவிடும். ஒரு மதிப்பெண் கேள்விகளில் பெரும்பகுதி புத்தகத்தில் பாடத்துக்குப் பின்னால் இருப்பவை. விடையின் எழுத்தோடு சேர்த்து மனப்பாடம் செய்தால் ஒரு பத்து. கார்ட்டீசியன் பெருக்கல், அணிப் பெருக்கல், திட்ட விலக்கம் என்று மாறாத அச்சில் வருகிற கணக்குகளைப் போட்டுப் போட்டுப் பார்த்தால் 35 தாண்டிவிடலாம். மெல்லக் கற்கும் மாணவர்கள் என்று ஒரு பட்டியல் எடுத்து, ஜனவரி முதல் மார்ச் வரை மாலை நேர ஸ்பெஷல் கிளாஸில் நாங்கள் செய்வது இதுதான். நானும் அதைத்தான் செய்தேன். அந்தப் பையன் தோற்றிருந்தால் ஐ.டி.ஐ.க்கே போயிருக்க முடியாது. அதனால் செய்தது தவறு என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஐந்தாம் வகுப்பிலேயே கவனித்திருக்க வேண்டிய ஒரு குறை அவனோடு பத்தாம் வகுப்பு வரை வந்தது, எந்தத் தேர்விலும் அது வெளியே தெரியவில்லை. அதுதான் எனக்கு வலிக்கிறது.

நான் வேலைக்கு வந்து 27 ஆண்டுகள் ஆகின்றன. நடுவில் ஐந்து ஆண்டுகள் ஆசிரியர் பயிற்றுநராக எங்கள் ஊராட்சி ஒன்றியப் பள்ளிகள் முழுக்கச் சுற்றினேன். இந்தக் காலத்தில் தமிழ்நாட்டில் 'ஒரு குழந்தைக்கு என்ன தெரிந்திருக்க வேண்டும்' என்ற வரையறை பலமுறை மாற்றி எழுதப்பட்டிருக்கிறது. தொண்ணூறுகளில், ஒவ்வொரு வகுப்பிலும் குறைந்தது இவ்வளவாவது தெரிய வேண்டும் என்று, குறைந்தபட்சக் கற்றல் நிலை என்றார்கள். 2007இல், பிள்ளை தானே செய்து தன் வேகத்தில் கற்கும் செயல்வழிக் கற்றல் மாநிலம் முழுக்க வந்தது. அட்டைகள், ஏணிப்படி, தரையில் வட்டமாக உட்கார்ந்த பிள்ளைகள். 2010இல் சமச்சீர் கல்விச் சட்டம். அதுவரை மாநிலப் பாடத்திட்டம், மெட்ரிக், ஆங்கிலோ இந்தியன், ஓரியண்டல் என நான்கு வழிகளாக இருந்த படிப்பு ஒன்றானது. 2011 ஜூன், ஜூலை முழுக்க சமச்சீர் கல்வி குறித்த வழக்கு நடந்ததால் புத்தகமே இல்லாமல் வகுப்பு எடுத்தோம். ஆகஸ்ட் 9ஆம் தேதி சமச்சீரை நடைமுறைப்படுத்த உச்ச நீதிமன்றம் உத்தரவிட்ட பிறகுதான் பிள்ளைகள் கைக்குப் புத்தகம் வந்தது. அடுத்த ஆண்டு, பாடத்தையும் தேர்வையும் மூன்று பருவங்களாகப் பிரித்த முப்பருவ முறை. பிறகு எந்த வகுப்பில் என்ன செய்யத் தெரிய வேண்டும் என்று, கற்றல் விளைவுகள் என ஒரு பட்டியல். 2018இலிருந்து மறுபடி புதிய புத்தகங்கள்.

ஒவ்வொன்றிலும் நல்லது இருந்தது. சமச்சீர் வந்ததை நான் மனதார வரவேற்றேன், இன்றும் அப்படித்தான். ஆனால் மேல் வகுப்புகளில் இவை எதுவும் பாடம் நடத்துகிற விதத்தைப் பெரிதாக அசைக்கவில்லை. புத்தகம் எதுவானாலும், மார்ச் மாதக் கேள்வித்தாள் என்ன கேட்கிறதோ அதைத்தான் ஜூன் மாதத்திலிருந்தே நாங்கள் நடத்துகிறோம்.

இதற்கு நேரடிச் சாட்சி பதினொன்றாம் வகுப்பு. 2017 வரை பிளஸ் ஒன்னுக்குப் பொதுத்தேர்வு கிடையாது. அதனால் பல பள்ளிகள் பிளஸ் ஒன் புத்தகத்தையே ஓரங்கட்டிவிட்டு, பிளஸ் டூ பாடத்தை இரண்டு ஆண்டுகள் அரைத்தன. 200க்கு 200 வாங்கிய பிள்ளைகளில் பலர், பொறியியல் முதலாண்டில் அடிப்படை புரியாமல் தடுமாறினார்கள். 2017இல் அரசு சில மாற்றங்களைக் கொண்டுவந்தது. மாநில ரேங்க் அறிவிப்பை நிறுத்தியது, பிளஸ் ஒன்னுக்குப் பொதுத்தேர்வு வைத்தது, 1200 மதிப்பெண்ணை 600 ஆக்கியது. எந்தப் பாடத்திலிருந்து எத்தனை கேள்வி என்று சொல்லும் புளூபிரிண்ட்டும் போனது. ரேங்க் போனதில் எனக்கு இன்றும் நிம்மதி. புளூபிரிண்ட் போனதும், 'இந்தப் பாடத்தை விட்டுவிடலாம்' என்று சொல்லிக்கொடுக்கும் பழக்கம் குறைந்தது. இப்போது, 2025 ஆகஸ்டில் வந்த மாநிலக் கல்விக் கொள்கை பிளஸ் ஒன் பொதுத்தேர்வை எடுத்துவிட்டது. பிள்ளைகளின் பாரம் குறையும், சரி. ஆனால் பழையபடி பிளஸ் ஒன் பாடம் ஓரங்கட்டப்படாமல் யார் பார்த்துக்கொள்வது? பெற்றோர்தான் கேட்க வேண்டியிருக்கும். செப்டம்பரில் உங்கள் பிள்ளையின் பையைத் திறந்து பாருங்கள். அதில் எந்த வகுப்புப் புத்தகம் இருக்கிறது என்பதே பதில்.

அப்புறம் இன்னொரு வகைத் தேர்வு இருக்கிறது. அதைப் பற்றி வெளியே யாரும் பேசுவதில்லை. தேசிய அடைவு ஆய்வு, மாநில அடைவுத் தேர்வு போன்றவை அவை. இவற்றில் உங்கள் பிள்ளைக்குத் தேர்ச்சி, தோல்வி கிடையாது. மாவட்டத்திலும் மாநிலத்திலும் பிள்ளைகள் எந்த அளவில் இருக்கிறார்கள் என்று அரசு தெரிந்துகொள்ள எடுக்கும் கணக்கெடுப்பு. உண்மை தெரிய இதைவிட நல்ல வழி இல்லை. உண்மை எவ்வளவு கசப்பாக இருக்கும் என்பதை 2009 சுற்று பீசா தேர்வு காட்டியது. 15 வயதுப் பிள்ளைகளுக்கான அந்த உலகளாவிய தேர்வில் இந்தியாவிலிருந்து தமிழ்நாடும் இமாச்சலப் பிரதேசமும் மட்டும் கலந்துகொண்டன. 74 இடங்களில் இரண்டும் கிட்டத்தட்டக் கடைசி. அதே காலத்தில் நம் பத்தாம் வகுப்புத் தேர்ச்சி 80 சதவீதத்துக்கு மேல். இரண்டு எண்ணையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது, என் வகுப்பில் நான் தினமும் பார்ப்பதை யாரோ எழுதிக் காட்டியது போலிருந்தது. அதற்குப் பிறகு இந்தியா அந்தத் தேர்வை எழுதவே இல்லை. கேள்விகள் நம் சூழலுக்குப் பொருந்தவில்லை என்றார்கள். ஓரளவு நியாயம் இருக்கலாம். ஆனாலும் ஒதுங்கியது தவறு என்றே நினைக்கிறேன்.

உள்நாட்டு ஆய்வுகளை நாம் நடத்தும் விதமும் என்னைக் கவலைப்பட வைக்கிறது. நான் பயிற்றுநராக இருந்தபோது ஒரு பள்ளியில் பார்த்தேன்: ஆய்வுக்கு ஒரு மாதம் முன்பிருந்தே மூன்றாம் வகுப்புக் குழந்தைகள் கணினி திருத்தும் ஓ.எம்.ஆர். விடைத்தாளில் வட்டத்தை நிரப்பப் பழகிக்கொண்டிருந்தார்கள். எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியாத ஒரு குழந்தை, பென்சில் வட்டத்துக்கு வெளியே போகாமல் அழகாகத் தீட்டியது. அந்த ஆசிரியர்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. மாவட்ட வரிசையில் பின்தங்கினால் ஆய்வுக் கூட்டத்தில் எழுந்து நின்று பதில் சொல்ல வேண்டியவர் அவர்தானே! 2021 தேசிய அடைவு ஆய்வு நவம்பர் 12ஆம் தேதி நடந்தது. தமிழ்நாட்டில் ஒன்று முதல் எட்டு வரை பள்ளி திறந்ததே நவம்பர் 1. ஒன்றரை ஆண்டுக்கு மேல் வீட்டில் இருந்த குழந்தைகள், நடுவில் தீபாவளியையும் மழையையும் தாண்டி வந்து எழுதினார்கள். அந்த முடிவை வைத்து ஆசிரியரைக் குறை சொல்வதில் என்ன பயன்? எங்கிருந்து மறுபடி தொடங்குவது என்று திட்டமிட மட்டுமே அது உதவியிருக்க வேண்டும். 2022இல் தொடக்க வகுப்புகளுக்கு வந்த எண்ணும் எழுத்தும் திட்டத்தில் அரும்பு, மொட்டு, மலர் என்று மூன்று படிகளாகப் பிரித்து, பிள்ளையின் நிலையைப் பார்த்துப் பாடம் தருவது அந்த வகையில் சரியான யோசனை. அதிலும் எல்லாரையும் மலருக்கு ஏற்றிக் காட்ட வேண்டும் என்ற அவசரம் வந்துவிட்டால் பதிவேடு மட்டும்தான் மலரும்.

அந்த ஐ.டி.ஐ. பையனைச் சனிக்கிழமை வரச் சொன்னேன். ஒரு காகிதப் பட்டையை ஒரு இன்ச் என்று வைத்து இரண்டாக, நான்காக, எட்டாக மடித்தோம். மூன்று மடிப்பு எண்ணி நிறுத்தினான், நான்காவது மடிப்பைப் பார்த்தான், புரிந்துவிட்டது. முக்கால் மணி நேரம்கூட ஆகவில்லை. அவனுக்கு முந்தைய பத்து ஆண்டுகளில் அந்த முக்கால் மணி நேரம் கிடைக்கவில்லை.

அன்றிலிருந்து ஒவ்வொரு ஜூன் மாதமும் ஒன்பதாம், பத்தாம் வகுப்புக்கு முதல் வாரத்திலேயே 20 கணக்கு கொடுக்கிறேன். கடன் வாங்கிக் கழித்தல், வகுத்தல், பின்னம், தசமம், சதவீதம், ஒரு அளவுகோலைப் படித்தல். மதிப்பெண் போடுவதில்லை, பதிவேட்டில் ஏற்றுவதில்லை, தலைமை ஆசிரியருக்கு அறிக்கையும் இல்லை. பிள்ளை எங்கே நிற்கிறது என்று எனக்குத் தெரிய வேண்டும், அவ்வளவுதான். மதிப்பெண் இல்லை என்று தெரிந்ததும் பிள்ளைகள் பக்கத்துத் தாளைப் பார்க்காமல் எழுதுகிறார்கள்.

பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்குப் போகும் பெற்றோர் இதைக் கேளுங்கள். தேர்ச்சி சதவீதத்தை அவர்களே சொல்வார்கள். 'என் பிள்ளைக்கு எது தெரியவில்லை?' என்று நீங்கள்தான் கேட்க வேண்டும். தாளைக் காட்டச் சொல்லுங்கள். எந்தக் கணக்கில் தொடர்ந்து தப்பு வருகிறது என்று ஆசிரியரோடு உட்கார்ந்து பாருங்கள். வீட்டில் கேஸ் பில், ரேஷன் ரசீது, பேருந்து டிக்கெட் எதையாவது கையில் கொடுத்து ஒரு கணக்குப் போடச் சொல்லுங்கள். தப்பாகச் சொன்னால் திட்ட வேண்டாம். எப்படிப் போட்டாய் என்று மட்டும் கேட்டுவிட்டு, அதை மறுநாள் ஆசிரியரிடம் வந்து சொல்லுங்கள்.