உங்கள் துறையின் பெயரைப் போட்டு ஆய்வு நிதி தேடாதீர்கள்

பாளையங்கோட்டைக் கல்லூரி ஒன்றின் ஆராய்ச்சிப் பிரிவில் இருக்கிறேன். ஆய்வு நிதிக்கும் உதவித்தொகைக்கும் போகிற விண்ணப்பங்களைப் படித்துப் பார்த்து, குறை இருந்தால் சொல்லி, கையெழுத்து வாங்கி அனுப்புவது என் வேலை. வருகிறவர்கள் நாற்காலியை இழுத்துப் போடும்போதே கேட்பார்கள்: “சார், தமிழுக்கு ஏதும் வந்திருக்கா?” “விலங்கியலுக்கு இந்த வருசம் என்ன சார் இருக்கு?”

இப்படிக் கேட்பதில்தான் பாதி வாய்ப்பு போய்விடுகிறது. நிதி தருகிற அமைப்புகள் கல்லூரித் துறைகளின் பட்டியலை வைத்துக்கொண்டு பங்கு போடுவதில்லை. விண்ணப்பிப்பவர் யார் என்று பார்த்துத் தரும் பணம் ஒரு வகை. அவர் எந்தச் சிக்கலை ஆராய்கிறார் என்று பார்த்துத் தரும் பணம் இன்னொரு வகை. இரண்டிலும் துறையின் பெயர் பின்னால்தான் வரும். ‘தமிழ் ஃபெலோஷிப்’ என்று கூகுளில் அடித்துப் பாருங்கள், பயிற்சி மையங்களின் விளம்பரமும் காலாவதியான அறிவிப்பும்தான் மேலே நிற்கும்.

‘யார்’ என்ற வகையை முதலில் எடுத்துக்கொள்கிறேன். இங்கே எல்லோருக்கும் தெரிந்தது நெட் எனும் தேசியத் தகுதித் தேர்வு, அதில் கிடைக்கும் ஜேஆர்எஃப் எனும் இளநிலை ஆய்வு உதவித்தொகை. 2023 ஜனவரி முதல் ஜேஆர்எஃப் மாதம் 37,000 ரூபாய், அதற்கடுத்த முதுநிலை உதவித்தொகையான எஸ்ஆர்எஃப் 42,000 ரூபாய். நல்ல தொகை, அதனால் போட்டியும் கடுமை. அது கிடைக்காதவர்கள் கதை முடிந்தது என்று ஒதுங்கிவிடுகிறார்கள். நெட் வழியாக வராத உதவித்தொகைகளும் இருக்கின்றன என்பதே பலருக்குத் தெரியவில்லை.

மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறையின் இன்ஸ்பயர் ஃபெலோஷிப், அறிவியல், பொறியியல் போன்ற படிப்புகளில் முதுநிலையில் பல்கலைக்கழக முதலிடம் பெற்றவர்களுக்கு உரியது. மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தில் ஒவ்வொரு பாடத்திலும் ஆண்டுதோறும் யாரோ ஒருவர் முதலிடம் வருகிறார். அபிஷேகப்பட்டியில் பட்டமளிப்பு விழாவில் பதக்கத்தோடு எடுத்த படம் வீட்டுச் சுவரில் தொங்கும். அந்தப் பதக்கத்தை வைத்து 5 ஆண்டு உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கலாம் என்று அந்தப் பிள்ளையிடம் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். முதலிடச் சான்றிதழை உடனே வாங்கி வையுங்கள், இந்தத் திட்டத்துக்கு வயது வரம்பு இருக்கிறது. தன்னாட்சிக் கல்லூரியில் முதலிடம் என்பதும் பல்கலைக்கழக முதலிடம் என்பதும் ஒன்றா என்பதை அந்த ஆண்டு அறிவிக்கையின் வாசகத்தை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும். சீனியர் சொன்னதை வைத்து முடிவு செய்யாதீர்கள்.

உடன்பிறந்தவர் இல்லாத ஒற்றைப் பெண் பிள்ளைகளுக்குப் பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசி சாவித்திரிபாய் ஜோதிராவ் புலே பெயரில் உதவித்தொகை வைத்திருக்கிறது. முழுநேர பிஎச்.டி. பதிவும், ஒற்றைப் பிள்ளை என்பதற்கான உறுதிமொழிப் பத்திரமும் முக்கியம். பழங்குடியினருக்கான தேசிய உதவித்தொகையை மத்திய பழங்குடியினர் நல அமைச்சகம் தருகிறது. ஆண்டுக்கு 750 பேர், தேர்வு முதுநிலை மதிப்பெண்ணை வைத்து. பாபநாசம் மலையில் காணிப் பழங்குடியினரின் குடியிருப்புகளிலிருந்து படித்து மேலே வரும் பிள்ளைகளுக்கு இதை யாராவது எடுத்துச் சொல்ல வேண்டும்.

நெல்லைச் சீமைக்கு மிகவும் பொருந்துகிற ஒன்று மாநில அரசுடையது. ஆதிதிராவிடர், பழங்குடியினர் முழுநேர ஆய்வாளர்களுக்குத் தமிழ்நாடு அரசு ஆண்டுக்கு 1 லட்சம் ரூபாய் ஊக்கத்தொகை தருகிறது. கிறித்தவத்துக்கு மாறிய ஆதிதிராவிடரும் இதில் சேர்த்தி. மத்திய அரசின் பட்டியலினத் திட்டங்களில் இவர்களுக்கு இடமில்லை. அங்கே ‘தகுதி இல்லை’ என்று திரும்பி வந்தவர்கள், மாநிலத் திட்டத்தைப் பார்க்காமலே விட்டுவிடுகிறார்கள். திருமண்டலக் கல்லூரிகள் இத்தனை இருக்கிற ஊரில் இந்த ஒரு வரி எல்லா அறிவிப்புப் பலகையிலும் இருந்திருக்க வேண்டும்.

மேலப்பாளையம், கடையநல்லூர் பிள்ளைகள் இன்னும் கேட்கிறார்கள்: “மௌலானா ஆசாத் எப்ப சார் வரும்?” வராது. சிறுபான்மையினருக்கான அந்த ஃபெலோஷிப்பை 2022-23 முதல் நிறுத்திவிட்டதாக மத்திய அரசு 2022 டிசம்பரிலேயே நாடாளுமன்றத்தில் சொல்லிவிட்டது. அதற்காகக் காத்திருக்க வேண்டாம். பிற்படுத்தப்பட்டோர் பிரிவில் வருகிறவர்கள் ஓபிசிக்கான தேசிய உதவித்தொகையைப் பாருங்கள். அது நெட் தேர்வோடு இணைந்தது. அதற்குக் கையில் இருக்கிற பிசி, எம்பிசி சாதிச் சான்று போதாது. மத்திய அரசுப் படிவத்தில், கிரீமி லேயர் (ஓபிசியில் வசதி படைத்த பிரிவு) இல்லை என்ற ஓபிசி சான்றை இ-சேவை மையத்தில் தனியாக விண்ணப்பித்து வாங்க வேண்டும். கடைசி நாளுக்கு முந்தின நாள் தாசில்தார் அலுவலகத்தில் போய் நிற்பதில் பயனில்லை.

சரி, இனி ‘எந்தச் சிக்கல்’ என்ற வகை. தேடல் சுவாரசியமாக இருப்பது இங்கேதான்.

காணிக்காரர்களின் பேச்சை ஆராய்கிற தமிழ்த்துறை மாணவர் ‘தமிழ்’ என்று தேடினால் செம்மொழித் தமிழாய்வு மத்திய நிறுவனத்தின் உதவித்தொகைகள் வரும். அவையும் நல்லவைதான், பாருங்கள். அதே ஆய்வை ‘அழிவு நிலையில் உள்ள மொழிகளின் ஆவணப்படுத்தல்’ என்று நினைத்துப் பார்த்தால், பெர்லினிலிருந்து நடத்தப்படும் அழிநிலை மொழிகள் ஆவணத் திட்டம் கண்ணில் படும். ஒலிப்பதிவுக் கருவிக்கும் களப்பணிக்கும் அங்கே நிதி கேட்கலாம். வைத்தியர் வீட்டுப் பரணில் கிடக்கும் ஏடுகளைப் பற்றிய ஆய்வு வரலாற்றுத் துறையில் இருந்தாலும், பணம் வேறு இடங்களில் இருக்கிறது. பிரிட்டிஷ் நூலகத்தின் அழிநிலை ஆவணக் காப்புத் திட்டம், ஏட்டை வீட்டைவிட்டு எடுக்காமல் அங்கேயே மின்வடிவம் ஆக்குவதற்குப் பணம் தருகிறது. 2025-26 மத்திய பட்ஜெட்டில் சுவடிகளுக்கென்று ஞான பாரதம் திட்டம் அறிவிக்கப்பட்டிருக்கிறது. ஏட்டில் இருப்பது சித்த மருத்துவம் என்றால் ஆயுஷ் அமைச்சகத்தின் பக்கமும் போகலாம். 1964 முதல் அரசு சித்த மருத்துவக் கல்லூரி இருக்கிற ஊர் இது. அங்குள்ள பேராசிரியர் ஒருவரை இணை ஆய்வாளராகச் சேர்த்துக்கொண்டால் விண்ணப்பத்துக்கு வேறு கனம் வந்துவிடும்.

கூந்தன்குளத்துப் பறவைகளையோ தேரிக்காட்டுப் பல்லிகளையோ ஆராய்கிற விலங்கியல் மாணவர் ‘இயற்கைப் பாதுகாப்பு’ என்ற சொல்லை வைத்துத் தேட வேண்டும். ருஃபோர்டு அறக்கட்டளை சிறு தொகைதான் தருகிறது, ஆனால் முதல்முறை விண்ணப்பிக்கிற இளைஞர்களை மதிக்கிறது. வெறும் பட்டியல் எடுப்பதாக இருந்தால் அவர்களுக்குப் பிடிக்காது, அந்த இடத்துக்கு என்ன நன்மை என்று கேட்பார்கள். பத்தமடைப் பாய் நெசவாளர்களின் வருமானத்தை ஆராய்கிற வணிகவியல் ஆசிரியருக்கு ஐசிஎஸ்எஸ்ஆர், அதாவது இந்திய சமூக அறிவியல் ஆராய்ச்சிக் குழு. ‘நாங்க காமர்ஸ், அது சோசியாலஜிக்காரங்களுக்கு’ என்று ஒரு மேடம் என்னிடமே சொன்னார்.

தேடுவதற்கு எனக்குத் தெரிந்த மிகச் சிறந்த வழி செலவில்லாதது. உங்கள் தலைப்புக்கு நெருக்கமான பத்துக் கட்டுரைகளை எடுத்து, கடைசிப் பக்கத்தில் இருக்கும் நன்றியுரையை மட்டும் படியுங்கள். யார் பணம் கொடுத்தார்கள் என்று அங்கே எழுதியிருக்கும். ஆய்வேடுகளின் இணையக் களஞ்சியமான சோத்கங்காவில் நம் பல்கலைக்கழக ஆய்வேடுகளே ஏராளம் இருக்கின்றன. அவற்றின் நன்றியுரையில் கைடு, மனைவி, மாமனார் எல்லாரையும் தாண்டிப் போனால் ஒரு உதவித்தொகையின் பெயர் இருக்கும். அதை எழுதிவைத்து, அந்த அமைப்பின் சொந்தத் தளத்தில் தேடுங்கள்.

அமைப்புகளின் பெயர் மாறுவதையும் கவனிக்க வேண்டும். அறிவியல் பொறியியல் ஆராய்ச்சி வாரியத்தை இன்னும் ‘செர்ப்’ என்ற பழைய பெயரில் தேடுகிற ஆசிரியர்கள் இருக்கிறார்கள். 2023-இல் சட்டம் வந்து, 2024 பிப்ரவரி முதல் அது அனுசந்தான் தேசிய ஆராய்ச்சி அறக்கட்டளைக்குள் போய்விட்டது. அதில் 42 வயதுக்கு உட்பட்ட ஆசிரியர்களுக்கான பிரதமர் இளம் ஆய்வாளர் நிதி 60 லட்சம் ரூபாய் வரை. ஆய்வுக்கூடம் இல்லாத கல்லூரி ஆசிரியர்களுக்கென்று செர்ப் காலத்தில் தொடங்கிய ‘டேர்’ என்ற திட்டத்தை நான் அதைவிட மேலாக மதிக்கிறேன். நிரந்தரப் பணியில் இருப்பவர் ஐஐடி மாதிரி ஒரு நிறுவனத்தில் ஆண்டுக்கு 90 நாளாவது போய் ஆராய்ச்சி செய்யலாம். 3 ஆண்டுகள், ஆண்டுக்கு 60,000 ரூபாய் அவருக்கு, 5 லட்சம் ஆய்வுச் செலவுக்கு. கோடை விடுமுறையும் அரையாண்டு விடுமுறையும் சேர்ந்தால் நாள் கணக்கு ஓரளவு வந்துவிடும். முதல்வர் சம்மதித்தால் மீதியும் வரும்.

கௌரவ விரிவுரையாளர்களுக்கு இந்த வழி அடைபட்டிருக்கிறது. பெரும்பாலான திட்டங்கள் நிரந்தரப் பணி கேட்கின்றன. பத்து வருடம் பாடம் நடத்தியவரிடம் ‘உங்களுக்குத் தகுதி இல்லை’ என்று சொல்வது எனக்கும் சங்கடம்தான், அந்த விதி நியாயமானது என்று நான் நினைக்கவில்லை. பிஎச்.டி. முடித்திருந்தால் முனைவர் பட்டத்துக்குப் பிந்தைய உதவித்தொகைகளைப் பாருங்கள். தேசியப் போஸ்ட் டாக்டரல் ஃபெலோஷிப்புக்குப் பொதுவான வயது வரம்பு 35, ஐசிஎஸ்எஸ்ஆரும் தனியாக ஒன்று வைத்திருக்கிறது. குடும்பத்துக்காகப் படிப்பையோ ஆராய்ச்சியையோ நிறுத்திய பெண்களுக்கு அறிவியல் தொழில்நுட்பத் துறையின் வைஸ்-கிரண் திட்டங்கள் இருக்கின்றன.

இனி, வாய்ப்பைக் கண்டுபிடித்த பிறகும் நழுவவிடுகிற இடம். அறிவிக்கை நான்கு வாரமோ ஆறு வாரமோதான் திறந்திருக்கும். அதற்குள் கல்லூரி முதல்வர் அல்லது பதிவாளர் கையெழுத்திட்ட ஒப்புதல் கடிதம் வேண்டும். பைல் துறைத்தலைவரிடம் இரண்டு நாள், டீனிடம் இரண்டு நாள், முதல்வர் நாக் தரமதிப்பீட்டு வேலையாக வெளியூர். நடுவில் ஆனித் தேரோட்டத்துக்கு உள்ளூர் விடுமுறை. அமைப்பு சொல்கிற கடைசி நாளுக்கு இரண்டு வாரம் முந்தியதே உங்களுடைய கடைசி நாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். நோயாளிகளிடம் தகவல் எடுக்கிற ஆய்வென்றால் நெறிமுறைக் குழு ஒப்புதலும், களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகத்துக்குள் கால் வைப்பதென்றால் வனத்துறை அனுமதியும் வேண்டும். இவற்றுக்கு மாதக்கணக்கில் ஆகலாம். வெளிநாட்டுப் பணம் என்றால், கல்லூரிக்கு வெளிநாட்டு நிதி பெறும் பதிவு உயிரோடு இருக்கிறதா என்று விண்ணப்பம் எழுதும் முன்பே அலுவலகத்தில் கேளுங்கள்.

எழுதும்போது நம்மூர்க்காரர்கள் ஊர்ப்பெருமையில் ஒரு பக்கத்தை வீணடிக்கிறார்கள். ‘பொதிகையில் பிறந்து புன்னைக்காயலில் கடலில் கலக்கும் வற்றாத ஜீவநதி தாமிரபரணி’ என்று தொடங்கி, மூன்றாம் பக்கத்தில்தான் கேள்வி வரும். தலைப்பும் ‘தாமிரபரணி நீரின் தரம்: ஓர் ஆய்வு’. டெல்லியில் உட்கார்ந்து படிக்கும் நிபுணர் கையில் இதே மாதிரி கங்கைக்கு இருபது, காவிரிக்குப் பத்து இருக்கும். ஆற்றில் கோடைமேலழகியான் தொடங்கி ஸ்ரீவைகுண்டம் வரை எட்டு அணைக்கட்டுகள் இருக்கின்றன. சுத்தமல்லி அணைக்கட்டு நெல்லை நகருக்கு மேலே, மருதூர் கீழே. இந்த இரண்டுக்கும் நடுவில்தான் மாநகரத்தின் கழிவு ஆற்றில் சேர்கிறது. ‘சுத்தமல்லிக்கு மேல் இருக்கும் நாட்டு மீன்களில் எவை மருதூருக்குக் கீழே இல்லை, ஏன்?’ என்று முதல் வரியிலேயே கேட்டால் அவர் நிமிர்ந்து உட்காருவார். எந்த மாதத்தில், எத்தனை இடத்தில், யார் வலை போடுவார்கள், வண்டிச் செலவு எவ்வளவு என்பதெல்லாம் அந்தக் கேள்வியிலிருந்தே தானாக வந்துவிடும். பட்ஜெட்டில் கம்ப்யூட்டரும் பிரிண்டரும் முதலில் வருகிற விண்ணப்பத்தைப் பார்த்தாலே தெரியும், கேள்வி இன்னும் பிறக்கவில்லை என்று.

பெரிய தொகைக்கு முன்னால் சிறியதைப் பிடிப்பது நல்லது. தமிழ்நாடு மாநில அறிவியல் தொழில்நுட்ப மன்றத்தின் மாணவர் திட்டத்தில் கிடைப்பது சில ஆயிரம்தான். ஆனால் நிதியைச் செலவழித்துக் கணக்குக் கொடுத்த பழக்கம் அதில் வருகிறது. திட்ட நிதி உங்கள் சொந்தக் கணக்குக்கு வராது, கல்லூரிக்கு வரும், தவணையாக வரும். மார்ச் முடிந்ததும் பயன்பாட்டுச் சான்று, எல்லோரும் சொல்கிற ‘யூசி’, போகாவிட்டால் அடுத்த தவணை நிற்கும். மத்திய அரசுப் பணத்துக்கு வங்கியில் சேர்ந்த வட்டியைக்கூடத் திருப்பிக் கட்ட வேண்டும். கல்லூரிக் கணக்குப் பிரிவில் இருப்பவரோடு நல்ல உறவு வைத்திருங்கள். ஆராய்ச்சிக்கு அவர் கைடுக்குச் சமம்.

வாட்ஸ்அப்பில் வருகிற அறிவிப்புகளைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ‘உங்கள் ஆய்வுக்கு நிதி ஒதுக்கப்பட்டுவிட்டது, நடைமுறைக் கட்டணம் மட்டும் ஜிபே செய்யவும்’ என்று வந்தால் அது மோசடி. தேர்வுக் கட்டணம் வேறு, நிதியை விடுவிக்கக் கட்டணம் என்று ஒன்று கிடையாது. உண்மையான அறிவிப்பாக இருந்தாலும் சுற்றிச் சுற்றி வந்து சேர்வதற்குள் தேதி முடிந்திருக்கும். உங்களுக்குப் பொருந்துகிற அமைப்புகளின் சொந்தத் தளங்களை வாரம் ஒருமுறை பார்த்தால் போதும்.

இப்போது எம்.எஸ்சி. முதலாண்டில் இருப்பவர்களுக்கு: அறிவியல் அகாதமிகளின் கோடைகால ஆய்வு உதவித்தொகை வழக்கமாக நவம்பரில் முடியும். இரண்டு மாதம் நாட்டின் பெரிய ஆய்வுக்கூடம் ஒன்றில் வேலை செய்யலாம், ஆசிரியர்களும் விண்ணப்பிக்கலாம். பரிந்துரைக் கடிதத்தை உங்கள் ஆசிரியரிடம் தீபாவளிக்கு முன்பே கேட்டுவிடுங்கள். அப்புறம் செமஸ்டர் விடைத்தாள் திருத்தப் போய்விடுவார்.