தையல்காரர் மகனுக்கு ஏன் மில்லுக்காரர் பெயர்?

1816-ஆம் ஆண்டின் கடைசியில், பெர்லினில் ஷ்டேகமன் என்ற அரசு அதிகாரியின் வீட்டில் சில இளைஞர்களும் பெண்களும் கூடி ஒரு விளையாட்டு ஆடினார்கள். மாவு மில்லுக்காரரின் மகள் ஒருத்தி, அவள்மேல் ஆசை கொண்டவர்கள் பலர் என்று ஒரு கதை. ஆளுக்கொரு வேடம், அந்த வேடத்துக்கான கவிதையையும் அவரவரே எழுத வேண்டும். மில்லில் வேலை பழக வந்த பையனின் வேடம் வில்ஹெல்ம் முல்லருக்குக் கிடைத்தது. யோசிக்கவே தேவையில்லாத தேர்வு. ஜெர்மன் மொழியில் முல்லர் என்றால் மாவு மில் நடத்துபவர் என்று பொருள். விளையாட்டாகத் தொடங்கிய அந்தக் கவிதைகளை முல்லர் பிறகு வளர்த்து நூலாக்கினார். 1823-ல் ஃபிரான்ஸ் ஷூபர்ட் அவற்றுக்கு இசையமைத்தார். இன்றும் உலகமெங்கும் பாடுகிறார்கள்.

ஆனால் இந்த முல்லரின் அப்பா ஒரு தையல்காரர். அதோடு விட்டதா? ஷூபர்ட் என்ற பெயருக்குச் செருப்பு தைப்பவர் என்று பொருள். அவருடைய அப்பாவோ பள்ளிக்கூட வாத்தியார். வில்ஹெல்ம் முல்லரின் மகனுக்கு ஞானத்தந்தையாக நின்றவர் கார்ல் மரியா ஃபான் வேபர் என்ற இசையமைப்பாளர். வேபர் என்றால் நெசவாளர். அவர் பிறந்ததோ நாடகக் குழு நடத்திய குடும்பத்தில். மில், செருப்பு, தறி என்று பெயரில் மட்டும் ஒரு முழுக் கடைத்தெருவே இருக்கிறது.

அந்த ஞானப்பிள்ளையை நமக்குத் தெரியும். ரிக் வேதத்தைப் பதிப்பித்த மாக்ஸ் முல்லர்தான் அவர். சென்னையில் ஜெர்மன் கற்றுத்தரும் கோதே இன்ஸ்டிட்யூட்டுக்கு அவர் பெயரைத்தான் சேர்த்து மாக்ஸ் முல்லர் பவன் என்கிறோம். இதில் ‘மாக்ஸ்’ முதலில் அவருடைய சொந்தப் பெயரின் ஒரு பகுதி. பின்னாளில் அதையும் குடும்பப் பெயரோடு ஒட்டிக்கொண்டார். ஊரெல்லாம் முல்லராக இருக்கும்போது, வெறும் முல்லர் என்றால் எந்த முல்லர் என்று யாருக்குத் தெரியும்?

அவர் பயந்ததில் நியாயம் இருக்கிறது. ஜெர்மனியில் இன்றைக்கும் முதலிடத்தில் இருக்கும் குடும்பப் பெயர் முல்லர்தான். தரைவழித் தொலைபேசி வீட்டுக்கு வீடு இருந்த காலத்து டைரக்டரியில் இரண்டரை லட்சத்துக்கு மேற்பட்ட இணைப்புகள் இந்தப் பெயரில் இருந்தன. ஒரு இணைப்புக்குச் சராசரியாக மூன்று பேருக்குச் சற்றுக் குறைவு என்று வைத்துப் பெருக்கினால், சுமார் ஏழு லட்சம் பேர். சுவிட்சர்லாந்திலும் இதுதான் முதலிடம்.

பட்டியலில் முல்லருக்குப் பின்னால் வரும் பெயர்களைப் பாருங்கள். ஷ்மிட் கொல்லர், ஷ்னைடர் தையல்காரர், ஃபிஷர் மீன் பிடிப்பவர், வேபர் நெசவாளர், வாக்னர் வண்டி செய்பவர், பெக்கர் ரொட்டி சுடுபவர். மையர் என்பவர் பண்ணையைப் பார்த்துக்கொண்டவர், ஷுல்ட்ஸ் ஊர்த்தலைவர். முதல் பத்துப் பெயர்களும் தொழிலோ பதவியோதான்.

இங்கேதான் ஒரு விஷயம் இடிக்கிறது. இந்தப் பெயர்கள் உருவான காலத்தில் ஜெர்மன் நாடுகளில் பத்தில் எட்டுப் பேருக்கு மேல் விவசாயிகள். விவசாயிக்குப் பெயர் பவுவர். அந்தப் பெயர் முதல் பத்தில்கூட இல்லை! ஊருக்கு ஒரு மில் இருந்தாலே பெரிய காரியம், சில ஊர்களுக்கு அதுவும் கிடையாது. அப்படியிருக்க மில்லுக்காரர் முதலிடத்திலும், ஊரையே நிரப்பியிருந்த விவசாயி எங்கோ பின்னாலும் போனது எப்படி?

பெயர் எதற்காக வைக்கப்பட்டது என்று பார்த்தால் முடிச்சு அவிழும். 12-ஆம் நூற்றாண்டுக்கு முன்பு பெரும்பாலானவர்களுக்கு ஒற்றைப் பெயர்தான். அதிலும் பின்னாளில் நாலைந்து பெயர்களையே எல்லாருக்கும் வைக்கத் தொடங்கிவிட்டார்கள். ஹைன்ரிஷ், கொன்ராட், யோஹன்னஸ் என்று எந்தத் தெருவில் கூப்பிட்டாலும் நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்கள். குப்பனும் சுப்பனும் என்று நாம் சொல்வதை ஜெர்மானியர்கள் இன்றும் ‘ஹின்ட்ஸும் குன்ட்ஸும்’ என்கிறார்கள். ஹைன்ரிஷும் கொன்ராடும் செல்லமாகச் சுருங்கிய வடிவங்கள் அவை. இன்னொரு பக்கம் நகரங்கள் பெருத்தன. வரிப் பதிவேடு, சொத்துப் பத்திரம், வாரிசு வழக்கு எல்லாவற்றிலும் ‘எந்த ஹைன்ரிஷ்?’ என்ற கேள்வி வந்தது. எழுத்தர் பக்கத்தில் ஒரு அடையாளம் எழுதிவைத்தார்.

அடையாளம் என்றால் மற்றவர்களிடம் இல்லாத ஒன்றாக இருக்க வேண்டும், இல்லையா? முப்பது வீடும் உழுகிற ஊரில் ‘உழுகிற ஹைன்ரிஷ்’ என்று எழுதி என்ன பயன்? ஆற்றோரம் மில் வைத்திருக்கும் ஹைன்ரிஷ் என்றால் யாரும் குழம்ப மாட்டார்கள். ஆக, அந்தத் தொழிலை எத்தனை பேர் செய்தார்கள் என்பதைப் பெயர்ப் பட்டியல் சொல்லாது. ஊருக்கு ஊர் தனித்துத் தெரிந்தவர் யார் என்பதை வேண்டுமானால் அதிலிருந்து தெரிந்துகொள்ளலாம். ஊருக்கு ஒருவராக ஆயிரக்கணக்கான ஊர்களில் தனித்தனியே முல்லர்கள் முளைத்தார்கள். ஊர்ப் பெயரால் வந்த குடும்பப் பெயர்களும் இப்படித்தான். ஷ்வாப் என்றால் தென்மேற்கு ஜெர்மனியில் இருக்கும் ஷ்வாபியாக்காரர். ஆனால் ஷ்வாபியாவுக்குள் இருக்கும்வரை எவனையும் யாரும் அப்படிக் கூப்பிட மாட்டார்கள். வெளியூருக்குப் பிழைக்கப் போனவனுக்குத்தான் அந்தப் பெயர் ஒட்டும்.

மில்லுக்காரர் தனித்துத் தெரிந்ததற்கு இன்னும் காரணங்கள் உண்டு. நீர்ச்சக்கரம் சுற்ற ஓடை வேண்டும், தடுப்பணை வேண்டும், நிலப்பிரபுவின் அனுமதி வேண்டும். அதனால் மில் பெரும்பாலும் ஊரை விட்டுத் தள்ளி, தண்ணீர் இருக்கும் இடத்தில் இருந்தது. பல பகுதிகளில் இன்ன ஊர்க்காரர் இன்ன மில்லில்தான் அரைக்க வேண்டும் என்று கட்டாயம். பிரஷ்யா என்ற ஜெர்மன் அரசில் 1810-ல்தான் அதை ஒழித்தார்கள். கூலியும் காசாக இல்லை. அரைக்கக் கொண்டுவந்த தானியத்தில் ஒரு பங்கு, பல இடங்களில் பதினாறில் ஒன்று. அளக்கும் படி மில்லுக்காரர் கையில். சந்தேகம் வராமல் இருக்குமா? மாவைத் திருடுகிறவன் என்ற கெட்ட பெயர் மில்லுக்காரரை நூற்றாண்டுகளாக விடவில்லை. எல்லாரும் வந்து நின்றாக வேண்டிய இடம், எல்லாரும் முணுமுணுத்துக்கொண்டே போன இடம். வரிசைச் சண்டையும் இருந்திருக்கிறது. 13-ஆம் நூற்றாண்டுச் சாக்சன் சட்டத் தொகுப்பில் ‘முதலில் வந்தவன் முதலில் அரைக்கட்டும்’ என்று எழுதி வைத்திருக்கிறார்கள். மில் பக்கமே போகாத இன்றைய ஜெர்மானியர்களும் வரிசையில் நிற்கும்போது அதைச் சொல்கிறார்கள்.

சரி, ஊருக்கு ஒரு கொல்லர், ஒரு வண்டி செய்பவர்கூடத்தான் இருந்தார். அவர்களை முல்லர் எப்படி முந்தினார்? இங்கே கொஞ்சம் தேர்தல் கணக்கு போட வேண்டும். அவர்களுடைய ஓட்டு பிரிந்துவிட்டது.

வண்டி செய்பவரைத் தெற்கில் வாக்னர் என்றார்கள். வடக்கில் அதுவே வேக்னர். வடமேற்கில் ராடமாஹர், அதாவது சக்கரம் செய்பவர். வடகிழக்கில் ஷ்டெல்மாஹர். ரைன் நதியோரம் எஸ்ஸர், அது வண்டியின் அச்சு செய்பவரைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது. குயவருக்கும் கசாப்புக்காரருக்கும் இதே கதை: டோப்ஃபர், ஹாஃப்னர், ஆய்லர் என்று ஒருவருக்கு, மெட்ஸ்கர், ஃப்ளைஷர், ஃப்ளைஷ்ஹவுவர், க்னோகன்ஹவுவர் என்று இன்னொருவருக்கு. க்னோகன்ஹவுவர் என்றால் எலும்பு வெட்டுபவர். அந்தப் பெயரோடு இன்று ஒருவர் பல் டாக்டராக இருந்தால் கஷ்டம்தான். கொல்லரைப் பொறுத்தவரை சொல் ஒன்றுதான், எழுத்து சிதறிவிட்டது. ஷ்மிட் என்பதையே மூன்று நான்கு விதமாக எழுதுகிறார்கள், அப்புறம் ஷ்மிட்ஸ், ஷ்மீட் என்று வேறு. எல்லாவற்றையும் கூட்டினால் முல்லருக்குக் கடும் போட்டி. ஜெர்மன் பேரரசு முழுவதற்கும் அரசுப் பதிவு அலுவலகங்கள் வந்தது 1876 ஜனவரி 1-ல். அதற்கு முன் பாதிரியார் கைபோன போக்கில் எழுதிய எழுத்தெல்லாம் அன்றோடு அப்படியே உறைந்துபோயின.

முல்லரின் ஓட்டு அவ்வளவாகச் சிதறவில்லை. காரணம் ரோமானியர்கள். தண்ணீரில் ஓடும் மில் ஜெர்மானியர்களுக்கு ரோமானியர்களிடமிருந்து வந்தது. பொருளோடு ‘மொலீனா’ என்ற லத்தீன் சொல்லும் வந்தது. புதுப் பொருள், புதுச் சொல். வட்டாரத்துக்கு வட்டாரம் வேறு சொல் இருக்க வழியில்லை. அதே மொலீனா பழைய ஆங்கிலத்துக்கும் போய் ‘மில்’ ஆனது. நம் தெருமுனை மாவு மில்லில் இருக்கும் ‘மில்’ அதுதான்.

பழைய ஜெர்மனில் மில்லுக்காரர் ‘முலினாரி’. இதில் நடுவே இருக்கும் இகரம் சும்மா இருக்காது. தனக்கு முன்னால் இருக்கும் உகரத்தைத் தன் பக்கம் இழுக்கும். ‘ஈ’ என்று சொல்லிக்கொண்டே, நாக்கை அசைக்காமல் உதட்டை மட்டும் ‘ஊ’வுக்குக் குவித்துப் பாருங்கள். அந்த இடைப்பட்ட ஒலிதான் முல்லரின் முதல் உயிர். ஜெர்மன் எழுத்தில் அதற்காகத் தலையில் இரண்டு புள்ளி வைப்பார்கள். பிறகு இகரம் தேய்ந்து மறைய, ‘ல்’லும் ‘ன்’னும் பக்கத்தில் வந்து ‘முல்னர்’ ஆனது. ‘நல்’லும் ‘நாளு’ம் சேர்ந்து ‘நன்னாள்’ ஆனதில் ‘ன’ ஜெயித்தது. இங்கே ‘ல’ ஜெயித்து ‘முல்லர்’ ஆனது. ஆஸ்திரியப் பக்கம் மட்டும் அந்த ‘ன’ சாகவில்லை, அங்கே முல்னர் இருக்கிறார்கள். வடக்கே மொல்லர். பவேரியாவிலும் ஷ்வாபியாவிலும் உதட்டைக் குவிக்கச் சோம்பல்பட்டதால் மில்லர். லத்தீன் படித்தவர்கள் தங்கள் பெயரை மோலிடோர் என்று மாற்றிக்கொண்டு கௌரவம் தேடினார்கள். அமெரிக்காவுக்குக் கப்பலேறிய முல்லர்கள் பலர் அங்கே மில்லர் ஆனார்கள். அந்நாட்டின் முதல் பத்துப் பெயர்களில் மில்லரும் உண்டு.

இந்த வேறுபாடுகளை வரைபடமாக்கலாம். ஃப்ரைபுர்க், மைன்ஸ் பல்கலைக்கழகங்களின் மொழியியலாளர்கள் 2005-ஆம் ஆண்டுத் தொலைபேசி இணைப்புகளை வைத்து ஜெர்மன் குடும்பப் பெயர்களுக்கு ஏழு தொகுதி அட்லஸ் போட்டிருக்கிறார்கள். வாக்னருக்கு ஒரு நிறம், ராடமாஹருக்கு ஒரு நிறம் என்று புள்ளி வைத்தால், 600 ஆண்டுகளுக்கு முன் மக்கள் பேசிய வட்டார வழக்கின் எல்லைகள் மேலே வந்து நிற்கின்றன. நடுவில் உலகப் போர்கள் வந்தன, கோடிக்கணக்கானவர்கள் இடம்பெயர்ந்தார்கள், தொழிற்சாலைகள் ஊரையே கலைத்துப் போட்டன. அத்தனைக்கும் பிறகும் பெயர்கள் பெரும்பாலும் பிறந்த மண்ணை ஒட்டியே கிடக்கின்றன. எனக்கு இந்த அட்லஸில் பிடித்த விஷயமே இதுதான்: தரவு எடுத்தது டெலிபோன் பில் போட வைத்திருந்த பட்டியலிலிருந்து.

முல்லர்கள் இவ்வளவு காலம் தாக்குப்பிடித்ததற்குக் கணக்கிலும் விளக்கம் உண்டு. 1873-ல் இங்கிலாந்தின் ஃபிரான்சிஸ் கால்டன், குடும்பப் பெயர்கள் ஏன் அழிகின்றன என்று ஒரு கேள்வி போட்டார். ஹென்றி வாட்சன் என்ற கணிதம் தெரிந்த பாதிரியார் விடை தேடினார். ஆணுக்குச் சராசரியாக ஒரு மகன், ஆனால் யாருக்கு எத்தனை என்பது தற்செயல் என்று வைத்துக்கொள்வோம். ஒரே ஒருவரில் தொடங்கிய பெயர் முதல் தலைமுறையிலேயே அறுந்துபோக 37 சதவீத வாய்ப்பு, ஏனென்றால் அவருக்கு மகனே பிறக்காமல் போகலாம். இரண்டாம் தலைமுறைக்குள் 53 சதவீதம். பத்தாம் தலைமுறைக்குள் 84. வாட்சன் ஆர்வக்கோளாறில் எல்லாப் பெயரும் ஒருநாள் அழிந்தே தீரும் என்று எழுதிவிட்டார். மக்கள்தொகை பெருகும்போது அப்படி இல்லை என்று பிறகு திருத்தினார்கள். ஆனால் அடிப்படை சரி: ஒரே வீட்டில் பிறந்த பெயருக்கு ஆயுள் குறைவு, ஆயிரம் ஊரில் தனித்தனியே பிறந்த பெயருக்கு எங்காவது ஒரு கிளை தழைத்துவிடும்.

அப்படியானால் இரண்டு முல்லர்கள் சந்தித்தால் பங்காளிகளா? அநேகமாக இல்லை. பிரிட்டனில் லெஸ்டர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டூரி கிங்கும் மார்க் ஜாப்லிங்கும் இதைச் சோதித்துப் பார்த்து 2009-ல் வெளியிட்டார்கள். அப்பாவிடமிருந்து மகனுக்குப் பெயரைப் போலவே கைமாறும் ஒய் குரோமோசோமை ஒப்பிட்டார்கள். அரிய பெயர்காரர்களிடம் ஒரே முன்னோரின் தடயம் தெளிவாகத் தெரிந்தது. ஸ்மித் என்ற கொல்லர் பெயர்காரர்களிடமோ, தெருவில் போகிற யாரோ இருவரை ஒப்பிட்டது போலத்தான் இருந்தது. முல்லருக்கும் இதையேதான் எதிர்பார்க்க வேண்டும்.

பிரித்துக்காட்ட வைத்த பெயர் இப்படிப் பிரிக்க முடியாத அளவுக்குப் பெருகிவிட்டதால், மறுபடியும் பழைய எழுத்தரின் வேலையே தொடங்கியிருக்கிறது. கார்ல் ஷ்மிட் என்ற ஓவியர் 1905-ல் தன் ஊரான ரோட்லுஃபைச் சேர்த்துக்கொண்டு ஷ்மிட்-ரோட்லுஃப் ஆனார். கூட்டுறவு இயக்கத்தின் முன்னோடி ஹெர்மன் ஷுல்ட்ஸ, 1848-ல் சட்டசபையில் வேறு ஷுல்ட்ஸக்களும் உட்கார்ந்திருந்ததால் டெலிட்ஷ் என்ற தன் ஊரை ஒட்டிக்கொண்டார். ஜெர்மனியில் பெயர் மாற்றுவது லேசில் நடக்காது, வலுவான காரணம் காட்ட வேண்டும். அதற்கான அரசு விதிகளில் ‘ஸாமல்நாம’ என்று ஒரு வகை இருக்கிறது. ‘கூட்டுப் பெயர்’ என்று தமிழில் சொல்லலாம். ஆளைப் பிரித்துக்காட்டும் சக்தியை இழந்துவிட்ட பெயர். உதாரணமாக அங்கே குறிப்பிடப்படுவது மையர், ஷ்மிட், ஷுல்ட்ஸ், அப்புறம் முல்லர். என் பெயர் முல்லர், அதனால் மாற்றிக் கொடுங்கள் என்று அங்கே விண்ணப்பம் போடலாம்.